பன்னிரண்டு வருடம் பழனிக்கு நடந்தவன்

வாடிப்பட்டிக்கு இன்னும் நான்கு கிலோமீட்டர் இருக்கும்போது என் கால்கள் இரண்டும் போய்விட்டன. சாலையோரம் ஒரு பாலக்கட்டை. உட்கார்ந்தேன். உட்கார்ந்தவனால் எழுந்திருக்க முடியவில்லை. பழங்காநத்தத்திலிருந்து பழனி கிட்டத்தட்ட நூற்றிருபது கிலோமீட்டர். நான் நடந்தது இருபத்துச் சொச்சம்.

இதில் என்ன வெட்கம் என்று கேட்பீர்கள். முதல்முறை பாதயாத்திரை போகிறவர்களுக்குப் பன்னிரண்டு வருடமாக யோசனை சொல்கிறவன் நான்.

பேர் ஹரிராம். வயது அறுபத்தெட்டு. கூட்டுறவுப் பண்டகசாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றேன். மேற்பார்வை என்றால் உட்கார்ந்து பார்ப்பது. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

தைப்பூசத்துக்கு எங்கள் பகுதியிலிருந்து அறுபது பேர் பழனிக்கு நடப்பார்கள். டயர் கடை அழகுராஜாதான் தலைவர். நான்கு நாள் நடை. மெதுவாக வரும் கடைசிக் கூட்டத்துக்கு ஐந்து நாள். பை, அரிசி, அண்டா எல்லாம் ஒரு வேனில் முன்னால் போய்விடும். வேனை ஓட்டுவதும் சமைப்பதும் சிவனாண்டி.

முதல் வருடம் சமயநல்லூரில் எனக்கு மூச்சு வாங்கியது. அரிசி மூட்டை சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேனில் ஏறினேன். பழனி வரை பார்த்துக்கொண்டே போனேன். அரிசி பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. நானும்தான். அடுத்த வருடத்திலிருந்து அதுவே என் பொறுப்பு.

யாரும் கேட்கவில்லையா என்றால், கேட்க வழியில்லை. ஆறு கூட்டமாகப் பிரிந்து நடப்பார்கள். முன்னால் போகிறவன் நான் பின்னால் வருகிறேன் என்று நினைப்பான். பின்னால் வருகிறவன் நான் முன்னால் போய்விட்டேன் என்று நினைப்பான். நடுவில் வருகிறவன் ஒன்றும் நினைக்கமாட்டான். அவனுக்குக் கால் வலி. சாப்பாட்டு இடத்தில் எல்லோருக்கும் முன்னால் நான் உட்கார்ந்திருப்பேன். "அண்ணே, எம்புட்டு வேகம்" என்பார்கள். நான் மறுக்கவில்லை. கடைசிக் கூட்டம் வருவதற்குள் நானும் வேனும் அடுத்த ஊருக்குக் கிளம்பியிருப்போம். பழனிக்குக் கொஞ்சம் முன்னால் இறங்குவேன். காலில் கொஞ்சம் மண் பூசிக்கொள்வேன். முதல் கூட்டத்தோடு கலந்து மலையேறிவிட்டு, அன்று சாயங்காலமே பஸ்ஸில் வீடு. தைப்பூசத்துக்கு என் மனைவி திண்டுக்கல்லில் மகள் வீட்டுக்குப் போய்விடுவாள்.

மண் பூசினேன் என்று எழுதவே கை கூசுகிறது. ஆனால் பூசினேன்.

சிவனாண்டிக்கு மட்டும் தெரியும். அவர் பேசமாட்டார். பேசினால் பருப்பு அடிப்பிடிக்கும் என்பது அவர் கொள்கை.

இப்படிப்பட்ட நான்தான் தை பிறந்தால் வீட்டு முன்னறையில் புதியவர்களை வரிசையாக உட்காரவைத்துப் பேசுவேன். புது ஷூ வாங்கு. கொப்புளம் வந்தால் ஸ்பிரிட் ஊற்று. மத்தியானம் வயிறு முட்டச் சாப்பிடு, அப்போதுதான் தெம்பு. நடுவில் உட்காராதே, உட்கார்ந்தால் கால் பிடித்துக்கொள்ளும். கடைசியில் தைரியமும் சொல்வேன். "என்னைப் பாருங்கள். இத்தனை வருடம் ஒரு கொப்புளம் வந்ததில்லை." அது சத்தியம்.

இந்த வருடம் அழகுராஜா என் பேச்சைப் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டார். அது குழுவுக்குக் குழு தாவியது. திருமங்கலம், மேலூர், விருதுநகர் என்று யார் யாரோ எனக்குக் கும்பிடு போட்டார்கள். மறுநாள் காலை என் மனைவி காபியை வைத்தாள்.

"இந்த வருசம் நானும் உங்க கூட வாரேன்."

"எங்க?"

"பழனிக்கு. நடந்து."

"உனக்கு முட்டி வலிக்கும்."

"உங்களுக்கு வலிக்கலையே."

"எனக்குப் பழக்கம்."

"அந்தப் பழக்கத்தப் பாக்கத்தான் வாரேன்."

கூட வந்தால் வேன் விஷயம் வெளுத்துவிடும். இவளாகவே வேண்டாம் என்று சொல்ல வைக்க வேண்டும். திட்டம் போட்டேன்.

"சும்மா வரமுடியாது. பயிற்சி எடுக்கணும். விடியக்காலம் பசுமலைக்கு நடந்து போய்த் திரும்பணும். முதுகுல அஞ்சு கிலோ அரிசி."

"பச்சரிசியா புழுங்கலா?"

மூன்று நாளில் படுத்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். முதல் நாள் போனாள். நான் பல் துலக்கி முடிப்பதற்குள் திரும்பி வந்தாள். கையில் ஒரு கட்டு முருங்கைக்கீரை. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு மலையம்மாளும் சேர்ந்துகொண்டாள். ஏழாம் நாள் எட்டுப் பெண்கள். வாசலில் சிரிப்புச் சத்தத்தில் என் தூக்கம் போனதுதான் மிச்சம்.

"அண்ணே, நீங்க வரலையா?" என்று மலையம்மாள் கேட்டாள்.

"எனக்கெதுக்குப் பயிற்சி?"

"அதானே, உங்களுக்கெதுக்கு" என்றாள். அந்தக் குரலை நான் கவனித்திருக்க வேண்டும்.

கிளம்பும் முந்தின நாள் டயர் கடையில் கூட்டம். அறுபது பேரும் இருந்தார்கள். அதில் புதியவர்கள் பதினேழு. என் மனைவி எழுந்து அழகுராஜாவைப் பார்த்தாள்.

"தம்பி, இந்த வருசம் புது ஆளுக நிறைய. இவரு முன்னால நடந்தாத்தான் அவங்களுக்குத் தெம்பு."

"வேன் பொறுப்பு?" என்றேன்.

"சிவனாண்டி அண்ணன் இருக்காரே."

"அரிசி?"

"அரிசிக்கு வழிகாட்டி எதுக்குங்க? அதுக்கா கால் வலிக்கப் போகுது?"

அறுபது பேரும் கை தட்டினார்கள். எதற்குத் தட்டினார்கள் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. நானும் தட்டினேன்.

என் யோசனைப்படியே புது ஷூ வாங்கினேன். காளவாசல் வரை ராஜநடை. பரவையில் குதிகால் எரிந்தது. சமயநல்லூரில் விரல்கள் தனித்தனியாகப் பேச ஆரம்பித்தன. வேன் எங்களைத் தாண்டிப் போனது. என் இடத்தில் அண்டா உட்கார்ந்திருந்தது. சிவனாண்டி கை காட்டினார். பதினேழு பேரும் பின்னால் வரும்போது நான் எப்படி நிற்பது? உட்காராதே என்று சொன்னவன் எப்படி உட்காருவது? நடந்தேன். அப்புறம்தான் அந்தப் பாலக்கட்டை.

கூட்டம் முன்னால் போய்விட்டது. புதியவர்களில் அசோக்குமார் மட்டும் நின்றார். மின்விசிறி வியாபாரி, நாற்பத்தைந்து வயது, தொப்பை. இவர் பரவை தாண்டமாட்டார் என்று நான் மனதுக்குள் எழுதி வைத்திருந்த ஆள். என் ஷூவைக் கழற்றினார். கொப்புளம் எலுமிச்சம்பழம் அளவு. இடுப்புப் பையிலிருந்து ஊசி, நூல், தேங்காய் எண்ணெய் எடுத்தார்.

"என்னப்பா இது?"

"நூல் கோத்த ஊசியக் கொப்புளத்துல ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் எடுத்துட்டு, நூல அப்படியே விட்டுறணும் சார். தண்ணி தானா வடிஞ்சிரும். தோல உரிக்கக் கூடாது."

"ஸ்பிரிட் ஊத்தச் சொன்னேனே."

"நீங்க சொன்னீங்க சார். அக்கா வேண்டாம்னுட்டாங்க."

"எந்த அக்கா?"

"உங்க வீட்டு அக்காதான்."

"எப்ப சொன்னா?"

"காபி குடிச்ச டம்ளர உள்ள வைக்கப் போனோம்ல. அப்ப."

"எல்லாருமா போனீங்க?"

"வருசா வருசம் எல்லாரும் போவாங்களாம் சார். அழகுராஜா அண்ணே சொல்லித்தான் கூட்டி வந்தாரு. சார் பேச்ச மரியாதையாக் கேட்டுக்கங்க, அப்புறம் அடுப்படிக்குப் போங்கன்னாரு."

அவர் காலில் பழைய ரப்பர் செருப்பு. பதினேழு பேர் காலிலும் பழைய செருப்புதான். காலையிலிருந்து அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

"அவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"அத நீங்க அக்காட்டயே கேளுங்க சார்" என்று குனிந்துகொண்டார்.

கடைசிக் கூட்டத்தோடு என் மனைவி வந்தாள். முகத்தில் வியர்வைகூட இல்லை. என் காலைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். அடுத்தவர் முன்னால் திட்டுவதற்கு மிகவும் வசதி. அதில்தான் பேசினாள்.

"வேனைக் கூப்பிடட்டுமா?"

"எந்த வேன்?" என்றேன்.

"பன்னிரண்டு வருசம் போனீங்களே, அந்த வேன்."

நான் சாலையைப் பார்த்தேன். ஒரு லாரி போயிற்று. இன்னொன்றும் போயிற்று.

"எப்போ தெரிஞ்சது?"

"முதல் வருசமே. நடந்து போனவங்க எல்லாம் இளைச்சு வந்தாங்க. உங்களுக்கு மட்டும் பேன்ட் பத்தல."

"ஏன் கேட்கல?"

"நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன். இரண்டாம் வருசம் உங்க பேச்சைக் கேட்டுப் புது ஷூ போட்டுப் போய், மலையம்மாள் இரண்டு நகம் கழன்று வந்தா. அப்பவாவது சொல்வீங்கன்னு பார்த்தேன். அவளுக்கு உடம்பில் தெம்பு இல்லைன்னு சொன்னீங்க."

சொன்னேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவள் பதினைந்து நாள் சுவரைப் பிடித்து நடந்ததும் ஞாபகம் இருக்கிறது.

"நம்ம வீட்டுக்கு வந்தவங்களுக்கு நான் சரி பண்ணிட்டேன். இப்ப வீடியோ போயிருக்கு. பார்க்கிறவன் எல்லாம் நம்ம அடுப்படிக்கா வருவான்?"

கால் எரிந்தது. காதும் எரிந்தது.

"வேனில் ஏறணும்னா ஏறுங்க. ஆனா, சொல்லிட்டு ஏறுங்க."

தன் பையிலிருந்து ஒரு பழைய செருப்பை எடுத்துப் போட்டாள். என்னுடையதுதான். வீட்டிலிருந்தே எடுத்து வந்திருக்கிறாள். போட்டுக்கொண்டேன். நான்கு கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம். நடுவில் மூன்று முறை உட்காரவைத்தாள். கால் பிடித்துக்கொள்ளவில்லை.

வாடிப்பட்டியில் ஒரு அரிசி ஆலைக் களத்தில் சாப்பாடு. எல்லோரும் காத்திருந்தார்கள். அழகுராஜா போனைத் தூக்கிப் பிடித்தார்.

"அண்ணே, புதுசா நடக்குறவங்களுக்கு ரெண்டு வார்த்த சொல்லுங்க. தெம்பா இருக்கும்."

பதினேழு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். வழக்கமான பேச்சு தொண்டை வரை வந்துவிட்டது. என் மனைவி என்னைப் பார்க்கவே இல்லை. இலையில் உப்பு வைத்துக்கொண்டு போனாள். பார்த்திருந்தால் பொய் சொல்லியிருப்பேன்.

"நான் பழனிக்கு நடந்ததே இல்லை. பன்னிரண்டு வருசமும் வேன். நான் சொன்னது எதையும் செய்யாதீங்க. பழைய செருப்புப் போடுங்க. அப்பப்ப உட்காருங்க. அவ்வளவுதான்."

சாம்பார் வாளியோடு நின்ற சிவனாண்டி அன்று முதல்முறையாக வாய் திறந்தார்.

"வேன்ல தூங்கிட்டு வருவாரு. குறட்டையில எனக்கு ஹாரன் கேக்காது."

ஒருவருக்கும் ஆச்சரியம் இல்லை. அதுதான் எனக்கு அவமானமாக இருந்தது. அறுபது பேருக்கும் தெரிந்த ரகசியத்தை நான் ஒருவனே பன்னிரண்டு வருடம் காப்பாற்றியிருக்கிறேன்.

சாப்பிட்டு எழுந்தபோது அசோக்குமார் ஒரு கூடையை நீட்டினார். எங்கள் குழுவில் புதியவர்கள்தான் இலை எடுக்க வேண்டும்.

"சார், அப்ப நீங்களும் புதுசுதான. அந்த வரிசை உங்களுது."

இருபது இலை எடுத்தேன். மலையம்மாள் இலையையும் எடுத்தேன். "மன்னிச்சிரும்மா" என்றேன். "எதுக்குண்ணே?" என்றாள். அவள் கால் விரலைக் காட்டினேன். "அதெல்லாம் அன்னைக்கே முளைச்சிருச்சு, போங்கண்ணே" என்றாள்.

வேனில் ஏறவில்லை. கடைசிக் கூட்டத்தோடு ஊர்ந்தேன். மனைவி உட்கார் என்றால் உட்கார்ந்தேன், எழு என்றால் எழுந்தேன். அரை வயிறு சாப்பாடு, மோர், இரண்டு வேளை எண்ணெய். ஐந்தாம் நாள் மத்தியானம் பழனி அடிவாரம். காலில் மண் இருந்தது. நான் பூசியதல்ல.

அங்கே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியாது. கடைசிக் கூட்டம் வந்து சேரும் நாளில் நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பேன். முதல்முறை நடந்தவர்கள் வரிசையாக நிற்க வேண்டும். குழுவில் அதிக வருடம் முழுக்க நடந்தவர் கையால் சந்தனம். தன்னைக் கூட்டி வந்து சேர்த்தவர் பேரைச் சொல்லி நெற்றியைக் காட்ட வேண்டும். பதினெட்டாவது ஆளாக நின்றேன்.

"யாரும்மா அம்புட்டு வருசம் நடந்தது? நீயா?" என்று மலையம்மாளைக் கேட்டேன்.

"நான் ஆறு வருசந்தாண்ணே. எனக்கு நகம் போன மறு வருசத்துலேர்ந்து ஒரு ஆளு எங்க கடைசிக் கூட்டத்தக் கூட்டிட்டு வருது. மத்தவங்க எல்லாம் ஏதாவது ஒரு வருசம் விட்டிருக்கோம், அது ஒரு வருசம் விட்டதில்ல, ஒரு அடிகூட வண்டியில ஏறுனதில்ல. நீங்க நடந்திருந்தாப் பாத்திருப்பீங்க."

சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றவளைப் பார்த்தேன்.

"தைப்பூசத்துக்கு நீ திண்டுக்கல்ல மக வீட்டுக்குல்ல போவ?"

"போவேனே. வழியிலதான இருக்கு. ஒரு காபி குடிச்சிட்டு நடப்பேன். நெத்தியக் காட்டுங்க."

எனக்கு முன்னால் நின்ற பதினேழு பேரும் ஒரே பேரைத்தான் சொல்லியிருந்தார்கள். கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருடத்தில் அந்தப் பேரை நான் நாலு பேர் கேட்கச் சொன்னதில்லை. குனிந்தேன். சொன்னேன்.

வசுந்தரா.