டிஃபரன்ஷியல் திறந்திருக்கு, டீச்சர்

பெண்டாட்டியோடு குடித்தனம் போவதற்காக மூன்று வருஷம் ஆக்ஸில் மாற்றிக்கொண்டிருந்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தெருவில் இருந்தார். எங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் உண்டு என்று வாசகர்கள் யாராவது கடிதம் போட்டால் நான் நம்பப் போவதில்லை.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருந்திருக்கும். தெருவுக்கு அவர் 'நாப்பத்திமூணு'. கொரியர்காரர்கூட அப்படித்தான் விசாரித்துக்கொண்டு வருவார். ஏன் அந்தப் பெயர் என்று சொல்வதற்கு முன்னால் நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

எழுதிப் பிழைக்கிறவனுக்கு அமைதி வேண்டும் என்று யாரோ சொன்னதை நம்பி, திருவண்ணாமலையில் ஆசிரமப் பக்கம், செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் ஒரு மாடி அறை பார்த்தேன். "வெள்ளைக்காரங்களே அமைதி தேடி இங்கதான் வராங்க சார்" என்றார் வீட்டுக்காரர். உண்மையிலேயே ஊசி விழுந்தால் கேட்கும் போலத்தான் இருந்தது. சந்தோஷமாக அட்வான்ஸ் கொடுத்தேன். அன்று பௌர்ணமி என்பதும், கிரிவலக் கூட்டத்துக்காக வண்டிகளை நிறுத்திவிட்டதால் மாடிக்குக் கீழே இருந்த தகரக் கூரைப் பட்டறைக்கு அன்று லீவு என்பதும் எனக்கு மறுநாள் காலை எட்டு மணிக்குத்தான் தெரிந்தது.

முதல் சம்மட்டி அடியில் என் டம்ளரில் இருந்த காபி குதித்தது. நாலாவது அடிக்கு நான் கீழே இறங்கிவிட்டேன். பட்டறை நடுவில் பழைய ஜீப் ஒன்று, ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஜாக்கி மேல் தூக்கி நின்றது. அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. சண்டை போட ஆள் வேண்டும் என்று வந்தவனுக்குக் கால்கள்தான் கிடைத்தன.

"இங்க மனுஷங்க இருக்கறதா, வேணாமா?" என்றேன்.

"கரெக்டான நேரத்துக்கு வந்தீங்க சார்" என்றன கால்கள். "அந்தச் சக்கரத்தைப் புடிச்சு ரெண்டு சுத்து சுத்துங்க. மெதுவா."

எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை, சுற்றினேன். இன்ஜினிலிருந்து அச்சுக்கு வரும் ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு போட்டு, அது எத்தனை முறை சுற்றுகிறது என்று அவர் எண்ணிக்கொண்டிருந்தார். "அஞ்சுக்குக் கொஞ்சம் கம்மி" என்று ஒரு பெருமூச்சு வந்தது. "இதுவும் முப்பத்தொம்போதுதான் சார். திறக்கவே வேணாம்." சண்டைக்குப் போனவன் கையெல்லாம் கிரீஸோடு மாடி ஏறினேன். அன்றிலிருந்து சக்கரம் சுற்றுவது என் வேலை ஆகிவிட்டது.

விஷயம் சுலபம்தான். ஆக்ஸில் என்கிற அச்சின் நடுவில் பூசணிக்காய் மாதிரி ஓர் உருண்டை இருக்கிறதே, அதுதான் டிஃபரன்ஷியல். அதற்குள் இருக்கும் பெரிய சக்கரத்தில் நாற்பத்து மூன்று பல் இருந்தால் ஷாஃப்ட் அஞ்சு சுற்றுக்குக் கொஞ்சம் மேலே சுற்றும், முப்பத்தொன்பது என்றால் கொஞ்சம் குறையும். நாற்பத்து மூன்றில் வேகம் கம்மி, இழுவை ஜாஸ்தி. பாறையில் ஏறுவதற்கு அதுதான் வேண்டும். இவர் ஜீப்பின் முன் ஆக்ஸிலில் நாற்பத்து மூன்று, பின் ஆக்ஸிலில் முப்பத்தொன்பது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்போது இரண்டு எண்ணிக்கையும் ஒன்றாக இல்லாவிட்டால் வண்டி தன்னோடு தானே மல்லுக்கு நிற்கும்.

"முன்னாடி ஒண்ணு சொல்லுது, பின்னாடி ஒண்ணு சொல்லுது. நடுவுல வண்டி இன்னா சார் பண்ணும்? ஒடையும்" என்பார்.

இந்தக் கணக்கை அவர் வண்டிகளோடு நிறுத்திக்கொள்ளவில்லை. கிரிவலம் போகிற தம்பதிகளைப் பட்டறை வாசலில் நின்று பார்ப்பார். கணவன் பத்தடி முன்னால் விறுவிறுவென்று போவான், மனைவி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் வருவாள். "அவரு முப்பத்தொம்போது, அந்தம்மா நாப்பத்திமூணு" என்பார். "அடி அண்ணாமலை கோயில் தாண்டறதுக்குள்ள சண்டை வரும் பாருங்க." நான் பின்னாலேயே போய்ப் பார்த்ததில்லை. ஆனால் அவர் சொன்னால் நடந்திருக்கும் என்றுதான் தோன்றும்.

சரி, பாறையில் எதற்கு ஏறவேண்டும்? அங்கேதான் டீச்சர் வருகிறார்.

அவர் மனைவி ஜவ்வாது மலையில் ஒரு சின்ன ஊரில் பள்ளிக்கூட டீச்சர். கல்யாணமான மூன்றாம் மாதம் அங்கே வேலை கிடைத்தது. பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஊருக்கு நாலு கிலோமீட்டர், பாதி பாறை, பாதி பள்ளம். அந்தம்மா அதை நடந்தே ஏறி இறங்கி, மாதம் ஒருமுறை இங்கே வந்து போவார். அங்கேயே தனியாக ஓர் அறையில், ஒரு பாய், ஒரு ஸ்டவ், இரண்டு பாத்திரத்தோடு இருந்தார். அந்தம்மா வேலைக்குக் கிளம்பும்போது இவர் வாக்குக் கொடுத்திருந்தார். கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாவற்றையும் நம்ம வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து அங்கேயே குடித்தனம் பண்ணுவேன் என்று. அந்த ஊரில் மோட்டார் ரிப்பேர் பார்க்க ஆள் இல்லை, அதனால் பிழைப்புக்கும் பஞ்சம் இருக்காது.

"சாமானெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம், நீங்க சும்மா நடந்து போய் இருக்கக் கூடாதா?" என்று நானே கேட்டிருக்கிறேன்.

"நடந்து போனா விருந்தாளி சார். வண்டியில போனாத்தான் புருஷன்" என்றார். இதற்குமேல் இந்த மனிதரிடம் என்ன பேசுவது?

தினமும் சாயங்காலம் அஞ்சரைக்குப் போன் வரும். அந்த ஊரில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு பாறை உச்சியில்தான் சிக்னல் கிடைக்குமாம். டீச்சர் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு பேசுவார். இவர் கை முழுக்க கிரீஸ் என்பதால் ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைப்பார். எதிரே லேத் பட்டறை வைத்திருந்த சலீம் பாய் மெஷினை நிறுத்திவிடுவார். நான் மாடியில் பேனாவை மூடி வைப்பேன். சந்து முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டு கேட்கும்.

"ஏங்க, சாப்டீங்களா?"

"சாப்டேன் டீச்சர்." மனைவியை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

"வண்டி எந்த அளவுல இருக்கு?"

"டிஃபரன்ஷியல் திறந்திருக்கு, டீச்சர்."

"நேத்தும் அதைத்தானே சொன்னீங்க."

"நேத்து முன்னாடி. இன்னிக்குப் பின்னாடி."

அந்தப் பக்கம் காற்று இரைகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்கும். அப்புறம் "சரிங்க, இருட்டறதுக்குள்ள எறங்கறேன்" என்று வைத்துவிடுவார். இவர் அணைந்துபோன போனைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். ஸ்பானர் சத்தம், சம்மட்டி சத்தம் ஒன்றும் வராது. ஒரு சத்தமும் இல்லாமல் அடியில் என்ன வேலை செய்கிறார் என்று நாங்கள் யாரும் குனிந்து பார்த்ததில்லை.

முயற்சியே செய்யவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். முதல் வருஷம் ஒருமுறை மலைக்குப் போனார். நடுவழியில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. டிஃபரன்ஷியலின் குணம் அப்படி, அந்தரத்தில் இருக்கிற சக்கரத்துக்கே எல்லா பலத்தையும் கொடுத்துவிடும். தரையில் இருந்த சக்கரம் வேடிக்கை பார்த்தது. திரும்பி வந்துவிட்டார்.

"இன்னாண்ணா, உள்ள வெல்டு வெச்சு ரெண்டையும் ஒண்ணாக்கிடுவோம். அப்பால எது அந்தரத்துல நிக்கும்?" என்றார் சலீம் பாய். வைத்தார்கள். ஒட்ட வைத்த சக்கரங்கள் ஒரே வேகத்தில்தான் சுற்றும், திரும்பச் சொன்னால் திரும்பாது என்பது கிரிவலப் பாதையில் ஓட்டிப் பார்த்தபோது தெரிந்தது. ஊரே மலையை வளைத்துக்கொண்டு போகிறது, இந்த ஜீப் மட்டும் நேராகப் போய் ஒரு இளநீர்க் கடைக்குள் நின்றது. நானும் உள்ளே இருந்தேன். கடைக்காரர் எங்களைத் திட்டிய பிறகு ஆளுக்கு ஓர் இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

அதற்கப்புறம் பின் ஆக்ஸிலுக்கு நாற்பத்து மூன்று தேடும் படலம் சூடு பிடித்தது. தெரு அவருக்கு அந்தப் பெயர் வைத்ததும் அதனால்தான். வேலூர்ப் பக்கம் பழைய இரும்புக் கடைகளில் எத்தனை ஆக்ஸில் வாங்கினாரோ தெரியாது. ஒவ்வொன்றாக வரும், ஏறும், நான் சக்கரத்தைச் சுற்றுவேன், "கம்மி" என்று அடியிலிருந்து குரல் வரும், இறங்கும். என் மாடிப்படிக்குக் கீழே முப்பத்தொன்பதுகள் குவிந்தன. நான் அந்த வருஷம் எழுதியதைவிட எண்ணியதுதான் ஜாஸ்தி.

மூன்றாவது வருஷம் கோடை விடுமுறைக்கு டீச்சர் வந்திருந்தார். பார்த்தால் மெலிந்த, அமைதியான அம்மா. இருந்த நாளெல்லாம் பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கழற்றிய போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவிக் கொடுத்தார். கிளம்புகிற அன்று, எங்கள் எல்லார் முன்னாலும், குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"ஜூன்ல ஸ்கூல் தெறக்கற அன்னிக்கு நீங்க அங்க இருக்கணும். இல்லேன்னா இனிமே நான் அந்தப் பாறை மேல ஏற மாட்டேன்."

சலீம் பாய் மெஷினைப் போட்டு மறுபடி நிறுத்தினார். அஞ்சரைக்குப் போன் வராத சந்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கிடைக்க வேண்டிய நேரத்தில் கிடைத்தது. கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு விவசாயி, செத்துப்போன ஜீப்பின் பின் ஆக்ஸிலை மணிலாக் கடலை மூட்டை ஏற்றும் டிரெய்லருக்கு மாட்டியிருந்தார். நாங்கள் மூன்று பேரும் போனோம். களத்திலேயே ஜாக்கி போட்டு, நான் சக்கரத்தைச் சுற்றினேன்.

"அஞ்சும் கொஞ்சமும்" என்றார் அடியிலிருந்து. அப்புறம் வெளியே வரவே இல்லை. போய்ப் பார்த்தால் அந்த உருண்டையைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார். டிரெய்லருக்கு வேறு ஆக்ஸில் மாட்டிக் கொடுத்துவிட்டு அதை எடுத்து வந்தோம்.

பத்து நாள் இருந்தது. அதை அப்படியே மாட்டி முடித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. மனிதருக்கு மூளை வேலை செய்துவிட்டது. உருண்டையைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் ஷாஃப்ட் ஒரு சாண் மேலே போய்விடும், எந்தப் பாறையும் இடிக்காது. போல்ட் ஓட்டைகளும் அழகாகப் பொருந்தின. பின்னால் திருப்பினார். முன்னாலும் அதேபோல் திருப்பினார். எதைச் செய்தாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமே அவருக்கு.

ஸ்கூல் திறப்பதற்கு முந்தின நாள். கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாம் கட்டி ஏற்றியாயிற்று. தேங்காய் உடைத்தோம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். அவர் முதல் கியரைப் போட்டார். ஜீப் கம்பீரமாகப் பின்னால் வந்து என் மாடிப்படியை இடித்தது.

இரண்டாவது கியர் போட்டார், இன்னும் வேகமாகப் பின்னால் வந்தது. ரிவர்ஸ் போட்டார். மெல்ல, பவ்யமாக, முன்னால் போனது. உருண்டையைத் தலைகீழாக மாட்டினால் சக்கரமும் தலைகீழாகத்தான் சுற்றும் என்பது மூன்று வருஷம் பல் எண்ணிய எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நாலு கியர் பின்னால் போக, ஒன்றே ஒன்று முன்னால் போக.

எல்லாவற்றையும் இறக்கித் திருப்பி மாட்ட நாலு நாளாவது ஆகும். சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றோம். மணி அஞ்சரை. போன் அடித்தது.

அந்த மனிதருக்குப் பொய் சொல்ல வராது. ஒன்று விடாமல் சொன்னார். காற்று இரைச்சல் கேட்டது. மூன்று வருஷத்தில் அவ்வளவு நேரம் அது கேட்டதில்லை.

"நகருதா?" என்று கேட்டார் டீச்சர்.

"நகருது டீச்சர். ஆனா..."

"எந்தப் பக்கமா நகந்தா இன்னாங்க. கெளம்பி வாங்க."

மறுநாள் விடிந்ததும் சலீம் பாய் ஒரு லாரி பிடித்து வந்தார், மலைப்பாதை ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் கொண்டுபோய் விட. பலகை சாய்த்து, முதல் கியரில், நாப்பத்திமூணு ஜீப்பைப் பின்பக்கமாகவே லாரிமேல் ஏற்றினார். லாரி டிரைவர் பக்கத்தில் உட்காரச் சொன்னால் மாட்டேன் என்றுவிட்டார். "என் வண்டியில வந்தேன்னு சொல்லணும் பாய்." லாரி மேலே ஜீப், ஜீப்பின் உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவர்.

பின்பக்கமாக ஏற்றியதால் அவர் முகம் எங்களைப் பார்த்து இருந்தது. லாரி சந்தை விட்டுத் திரும்பும்வரை எங்களையே பார்த்துக்கொண்டு போனார். சலீம் பாய் கை காட்டிக்கொண்டே ரோடு வரைக்கும் நடந்தார். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மலையடியிலிருந்து அந்த ஒற்றை ரிவர்ஸ் கியரிலேயே, பாறையெல்லாம் ஏறி, ஸ்கூல் மணி அடிக்கும்போது போய் நின்றாராம். இருக்கிற கியர்களிலேயே இழுவை ஜாஸ்தி அதற்குத்தான். அன்று சாயங்காலம் பாறை உச்சியிலிருந்து போன் செய்து சொன்னார். "நாலு நாள்ல திருப்பி மாட்டிட்டு, ஊருக்கு வந்து உங்களைப் பாக்கறேன் சார்" என்றார். பின்னாலிருந்து டீச்சர் குரல் கேட்டது: "ஒண்ணும் வேணாம். இப்படியே இருக்கட்டும். கழட்டினா இன்னும் மூணு வருஷம் ஆவும்."

கழற்றவில்லை. இரண்டு வருஷம் ஆகிறது. முன்னால் போக ஒரே ஒரு கியர் வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் ரோட்டில் வர முடியாது. பஸ்ஸில் வரலாமே என்று கேட்டேன். "பஸ்ல வந்தா விருந்தாளி சார்" என்றார்.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது ஒரு கஃபே. வெள்ளைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு மூலிகை டீ குடிக்கிறார்கள். உண்மையிலேயே ஊசி விழுந்தால் கேட்கும். அஞ்சரை மணிக்குச் சலீம் பாய் பழக்கதோஷத்தில் மெஷினை நிறுத்துகிறார், நான் பேனாவை மூடுகிறேன், அப்புறம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம்.

போன வாரம் அவரே கூப்பிட்டார். பாறையில் நல்ல காற்று. "சத்தம் இல்லாம இப்பவாவது நிம்மதியா எழுதறீங்களா சார்?" என்று கேட்டார்.

"ரொம்ப நிம்மதியா எழுதறேங்க" என்றேன். அவருக்குத்தான் பொய் வராது, எனக்கு வரும்.