கடிதத்தில் இருந்த கால்

“எந்தக் கால்?” என்று வேலையில்லாதவர்களுக்கான கந்தோரில் வின்சன்ற் கேட்டபோதுதான், தனக்குக் கால் வருத்தம் இருக்கிற விஷயமே குணரத்தினத்துக்குத் தெரிய வந்தது.

கேள்வி பாதிதான் விளங்கியது. ஆனால் அந்த இளம் உத்தியோகத்தன் மேசைக்கு மேலால் எட்டித் தன் கால்களைப் பார்ப்பது நன்றாக விளங்கியது. குணரத்தினம் பதறிப்போய், கைக்குக் கிட்டே இருந்த வலது முழங்காலைத் தொட்டுக் காட்டினார்.

“கடிதத்தில் இடது கால் என்று இருக்கிறதே. அப்படியென்றால் இரண்டுமா?”

“உய்,” என்றார் குணரத்தினம். பிரெஞ்சுக்காரர் எதைக் கேட்டாலும் தலையாட்டி ஓம் சொல்லிவிட வேண்டும் என்பது அவருக்குத் தரப்பட்டிருந்த கட்டளை.

பக்கத்து மேசையில் ஜெர்மேன் என்று பெயர்ப்பலகை வைத்திருந்த நரைத்த தலை மனுசி, கண்ணாடிக்கு மேலால் அவருடைய கால்களை ஒருமுறை பார்த்தார். பிறகு ஏனோ சிரித்துக்கொண்டு தன் வேலையில் குனிந்தார்.

குணரத்தினம் ஏழு வருடமாக ஒரு ரெஸ்ரோரண்டின் குசினியில் நின்றவர். குசினிப் பிரெஞ்சு அவருக்குத் தண்ணி மாதிரி வரும்: கத்தி, வெங்காயம், சூடு, கெதி, இன்னும் கெதி. அலுவலகங்களில் பேசுகிற கந்தோர்ப் பிரெஞ்சு வராது. வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற வேலைக் கார்ட் அவருடையது. ஆறு முறை நேரத்துக்கு வந்த கார்ட் ஏழாம் முறை வரவில்லை. “கார்ட் முடிந்த ஆளை வைத்திருந்தால் எனக்குத்தான் தண்டம்” என்று முதலாளி அவரை நிற்பாட்டி, மறுநாளே வேறு ஆளையும் எடுத்துவிட்டார்.

சரி, வேலை இல்லாதவனுக்கென்று அரசாங்கம் தருகிற சோமாஜ் காசு இருக்கிறதுதானே என்று எழுதிப் போட்டால், கந்தோரிலிருந்து பதில் வந்தது. கார்ட் திகதி முடிந்திருக்கிறது, நேரில் வந்து விளக்கம் தரவும்.

மனைவி கௌரி விடிய முதல் ரயிலில் சார்செலிலிருந்து பாரிசுக்கு வந்து கந்தோர்கள் துடைக்கிறவள். “சோமாஜ் வராட்டில் நான் பின்னேர வேலையும் எடுக்கிறன், என்ன செய்யிறது” என்று உப்பில்லை என்பது போலச் சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். குணரத்தினத்துக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. முழங்கையில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு திரிகிற பெண்சாதியை இன்னொரு வேலைக்கும் அனுப்பிவிட்டுத் தான் வீட்டில் குந்தியிருப்பதா? எப்பாடு பட்டாவது அந்தச் சோமாஜை எடுத்தே தீருவது என்று, பாரிசில் தமிழர் கடைத்தெருவான லாச்சப்பலுக்கு ரயில் ஏறினார்.

லாச்சப்பலில் கடிதம் என்றால் வாமதேவன் அண்ணைதான். தேத்தண்ணிக் கடையின் கடைசி மேசையில், இடது காலை ஒரு அரிசி மூட்டைக்கு மேல் தூக்கி வைத்தபடி இருப்பார். கூலி ஒரு பால் தேத்தண்ணி, பொரித்த றோல்ஸ் இரண்டு. அவரிடம் இருந்தது ஒரே ஒரு கடிதம். வாசிக்கிறவருக்குக் கண்ணீர் வரும் என்று பெயர் எடுத்த பிரெஞ்சு. பெயரையும் திகதியையும் மாற்றி அதையே எல்லாருக்கும் பார்த்து எழுதிக் கொடுப்பார்.

“தொண்ணூற்றெட்டிலை கிடைச்ச கடிதம் தம்பி. பதினாறு வருசமா அந்தக் கந்தோரிலை ஒருக்காலும் பிழைச்சதில்லை. ஒரு விஷயம் மட்டும் கவனம். அங்கை போய் நீர் வாயும் திறக்கக் குடாது, பையும் திறக்கக் குடாது. கடிதத்தைக் குடுத்திட்டு, கேக்கிறதுக்கு ஓம் சொல்லும்.”

“பையிலை எல்லாக் கடுதாசியும் கிடக்குதே அண்ணை.”

“கடுதாசி கூடினால் அவங்களுக்குக் கேள்வி கூடும்.”

குணரத்தினம் அப்படியே செய்தார். அதன் பலனாகத்தான் இப்போது இரண்டு காலும் போயிருந்தது.

வின்சன்ற் இரக்கமுள்ள பொடியன். கடிதத்தை வாசித்து முடித்து மூக்கை உறிஞ்சினான். “சோமாஜ் என்பது வேலை செய்யக் கூடியவர்களுக்கு மட்டும்தான் மிசியே. இரண்டு காலும் இப்படி இருந்தால் குசினியில் எப்படி நிற்பீர்கள்? உங்களை நோயாளர் பக்கம் மாற்றுகிறேன்” என்று முத்திரை குத்தினான். கார்ட்டைப் பற்றி அவன் கேட்கவேயில்லை.

லாச்சப்பலுக்குத் திரும்பிப் போய்ச் சொன்னபோது வாமதேவன் நம்பவில்லை. “மேசையிலை ஆர் இருந்தது?”

“ஒரு பெடியன், அண்ணை.”

“ஒரு மனுசி இல்லையோ?”

“அவ பக்கத்து மேசையிலை.”

வாமதேவன் மூட்டையில் கிடந்த காலைத் தடவினார். “பெடியனுக்கு அனுபவம் காணாது,” என்றார்.

“கடிதத்திலை அந்தக் காலை எடுத்து விடுங்கோவன் அண்ணை.”

“எடுக்கேலாது. அந்தக் காலிலைதான் கடிதமே நிக்குது. பொறும், சுகமாக்குவம்.”

சுகமாக்குவதற்கு அவர் லூர்து மாதாவைக் கூப்பிட்டார். அதில் பிழை சொல்ல முடியாது. ஆவணியில் லாச்சப்பலிலிருந்து லூர்துக்குப் போகிற பஸ்ஸில் பாதிப்பேர் திருநீறு பூசின சைவர்கள்தான். குணரத்தினமே ஒருமுறை போய்ப் போத்தலில் தீர்த்தம் கொண்டுவந்து பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். எட்டு நாள் லூர்தில் தங்கி மன்றாடியதில் இரண்டு காலும் சுகமாகிவிட்டன என்று இரண்டாம் கடிதம் சொல்லியது.

வின்சன்ற் எழும்பி நின்று கை கொடுத்தான். பிறகு கணினியைப் பார்த்தான். முகம் வாடியது.

“எட்டு நாள் வெளியூர் போனால் எங்களுக்கு முன்கூட்டி அறிவிக்க வேண்டும். அறிவித்தீர்களா?”

“உய்.”

“இங்கே பதிவு இல்லையே. அதோடு சுகமானதற்கு டொக்டரின் அத்தாட்சியும் வேண்டும்.”

முதலில் கார்ட் ஒன்றுதான் சிக்கல். இப்போது கார்ட், கால், லூர்து என்று மூன்றாகிவிட்டது. தமிழ் டொக்டர் இரண்டு முழங்காலையும் தட்டிப் பார்த்தார். “நல்ல கால். இல்லாத வருத்தம் மாறிப்போச்செண்டு நான் எப்பிடி எழுதுறது?” என்று கேட்டுவிட்டு, வந்ததுதான் வந்தீர் என்று இரத்தத்தையும் சோதித்தார். சீனி வருத்தம் இருந்தது. அத்தாட்சிக்குப் போன குணரத்தினம் மாத்திரையோடு வீட்டுக்கு வந்தார். அன்றோடு தேத்தண்ணிக் கடையில் அவர் தின்கிற றோல்சும் நின்றது.

வாமதேவன் தளரவில்லை. “லூர்துக்கு நீர் போகேல்லை. உமக்காக உம்மடை மனுசி போனவ. அதாலை கால் பாதிதான் சுகம். மனுசியைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போம்.”

கௌரி வெண்டிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள்.

“நான் எப்ப லூர்துக்குப் போனனான்?”

“போன மாதம். எட்டு நாள்.”

“எட்டு நாள் லீவு எனக்கு ஆர் தந்தது?” கத்தியைக் கீழே வைத்தாள். “என்னப்பா இது. இந்த அலைச்சலுக்கு நான் பேசாமல் பின்னேர வேலைக்குப் போயிருப்பன்.”

“நீ போகக் குடாதெண்டுதானே கௌரி இவ்வளவும்,” என்றார் குணரத்தினம்.  

கௌரி ஒரு வெண்டிக்காயை எடுத்தாள், வெட்டாமல் வைத்தாள். “சரி, வாறன். ஆனால் பை என்னட்டை இருக்கும்.”

மூன்றாம் முறை கந்தோர் வாசலில் குணரத்தினம் நொண்டத் தொடங்கினார்.

“அண்டைக்கு வலக்கால் எண்டனீங்கள். இப்ப இடக்காலை இழுக்கிறியள்,” என்றாள் கௌரி மெதுவாக.

“ரெண்டும் எண்டு பதிஞ்சு கிடக்கு. எதை இழுத்தாலும் சரி.”

வின்சன்ற் மூன்று கடிதங்களையும் வரிசையாக மேசையில் வைத்தான். “மடம், லூர்திலிருந்து எப்போது திரும்பினீர்கள்?”

கௌரி கணவனின் முகத்தைப் பார்த்தாள். பத்துக் கந்தோர் துடைத்துப் பழகிய அவளுடைய பிரெஞ்சு, குசினிப் பிரெஞ்சை விட நேரானது. “நான் லூர்துக்குப் போகவில்லை. இவருக்குக் காலில் ஒன்றும் இல்லை. கார்ட் முடிந்ததுதான் இவருடைய ஒரே வருத்தம்.”

குணரத்தினத்துக்கு அந்தக் கணத்தில் இரண்டு காலும் உண்மையாகவே விட்டுப்போயின. கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

“அப்படியானால் மூன்று கடிதமும் பொய்,” என்றான் வின்சன்ற். பேனை மூடியைக் கழற்றினான். “பொய் சொன்னதாக எழுதினால் கோப்பை மூட வேண்டிவரும் மடம். வேறு வழி இல்லை.”

“கொஞ்சம் பொறு,” என்றார் பக்கத்து மேசை ஜெர்மேன். எழும்பி வந்து முதலாம் கடிதத்தைக் கையில் எடுத்தார். வாசித்தாரோ இல்லையோ தெரியாது, கண் முதல் வரியிலேயே நின்றது. பிறகு கௌரியிடம், “அந்தப் பையில் என்ன இருக்கிறது?” என்று கேட்டார்.

கௌரி பையை மேசையில் கவிழ்த்தாள். ஏழு வருடத்துச் சம்பளத் துண்டுகள், கரன்ற் பில்கள், ஒரு திருநீற்றுப் பொட்டலம், கோயில் திருவிழா நோட்டீஸ் இரண்டு. எல்லாவற்றுக்கும் அடியில், படம் ஒட்டி முத்திரை குத்திய ஒரு சின்னக் கடுதாசி.

“இது எப்போது தந்தார்கள்?”

“வேலை போய் ஒரு கிழமைக்குப் பிறகு. கார்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்ததற்கு ரசீது,” என்றாள் கௌரி.

“புதுக் கார்ட் வரும்வரை கார்ட்டுக்குப் பதில் இதுதான் வின்சன்ற். இதை வைத்து இவர் வேலையும் செய்யலாம், சோமாஜும் எடுக்கலாம். மனிதர் மூன்று முறை வந்தாரே, ஒருமுறையாவது பையைத் திறக்கச் சொன்னாயா?”

வின்சன்ற்றின் காது சிவந்தது. “கடிதம் அவ்வளவு துயரமாக இருந்தது,” என்றான். பேனையை மூடிவிட்டு விசைப்பலகையில் குனிந்தான்.

பத்து நிமிடத்தில் கடுதாசி வந்தது. விண்ணப்பித்த நாளிலிருந்து கணக்குப் போட்டுச் சோமாஜ். கௌரி அதை இரண்டு தரம் வாசித்துச் சொன்னாள்.

“அப்ப பின்னேர வேலை வேண்டாம்,” என்றார் குணரத்தினம். 

“ஓம், வேண்டாம். கண்ணைத் துடையுங்கோ, சனம் பாக்குது.”

இருவரும் வாசலுக்கு நடந்தார்கள். குணரத்தினம் அன்றைக்குத்தான் அந்தக் கந்தோரில் நேராக நடந்தார். “மிசியே” என்று ஜெர்மேன் பின்னால் கூப்பிட்டதும், பழக்க தோஷத்தில் மறுபடி ஒரு காலை இழுத்துக்கொண்டு திரும்பினார்.

ஜெர்மேன் அந்த முதலாம் கடிதத்தை நாலாக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

“வின்சன்ற்றின் மேசையிலிருந்து நான் மாறியதால்தான் உங்களுக்கு இவ்வளவு அலைச்சல்; வாமதேவனுக்காக இந்தக் கடிதத்தை முதன்முதலில் எழுதியதே நான்தான், அவருடைய இடது கால் இப்போது எப்படி இருக்கிறது?”