யானை முகமூடிக்கு ஒரு சான்றிதழ்

உலகத்தில் மேதைகள் பலர் உண்டு. ஆனால் ஒரு முகமூடியை மோந்து பார்த்தே அதன் வயதைச் சொல்லும் மேதை ஒருவர்தான். அவர் பஃபூஸாம் நகரத்துக் கலைப்பொருள் மதிப்பீட்டு அலுவலகத்தில், மின்விசிறி சுற்றாத மூன்றாம் எண் அறையில் வீற்றிருந்தார். பெயர் எர்னெஸ்ட் வாபோ. தலைநகரில் ஆறு மாதப் பயிற்சி பெற்றவர். பயிற்சி கொடுத்தவர் பாரிஸ்காரர். ஆகவே குறை சொல்ல இடமில்லை.

'பழையது' என்று வாபோ எழுதினால் அது தேசத்தின் சொத்து. எல்லை தாண்டக் கூடாது. 'புதியது' என்று எழுதினால் வெறும் கைவேலை. தாராளமாக விமானம் ஏறலாம். இந்த மகத்தான முடிவுக்கு அவர் வைத்திருந்த சோதனைகள்: தூசி உண்டா, பூச்சி அரித்திருக்கிறதா, ஏதாவது பிய்ந்து தொங்குகிறதா. தினமும் புழங்குகிறவர்கள் தங்கள் பொருளைச் சுத்தமாக வைத்திருப்பார்கள் என்ற அற்ப விஷயம் பாடத்திட்டத்தில் இல்லை.

அன்று வியாபாரி லோன்ட்சி ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தான். நாலாக மடித்த யானை முகமூடி மேசையில் விழுந்தது. துணி முழுக்கப் பாசிமணி. தட்டுத் தட்டாய்க் காது, நீளமாய்த் தும்பிக்கை.

"மணியெல்லாம் பளபளன்னு இருக்கேய்யா," என்றார் வாபோ.

"இருக்கு சார்."

"தூசி?"

"தட்டிப் பார்த்துட்டேன். ஒண்ணும் உதிரல."

வாபோ மோந்தார். சோப்பு வாசனை. மேதைக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

"உன்னை எவனோ நல்லா ஏமாத்திட்டான் லோன்ட்சி. நேத்துக் கோத்தது இது."

லோன்ட்சி முகத்தைத் தொங்கப் போட்டான். இருபது வருடத் தொழில். கேட்ட நேரத்தில் தொங்கும் முகம். "என் தலையெழுத்து சார். அப்படியே எழுதிக் குடுத்துடுங்க."

'அண்மைக்காலக் கைவேலை. தொன்மை மதிப்பு ஏதும் இல்லை.' டப்பென்று முத்திரை விழுந்தது.

அந்த வாரக் கடைசியில் வாபோ சொந்த ஊருக்குப் போனார். அப்பா இறந்து நாலு வருடம். பெரிய காரியம் இப்போதுதான் கூடி வந்திருந்தது. குடும்பத்து யானை முகமூடி ஆடி முடித்தால்தான் அப்பா முன்னோர் வரிசையில் சேருவார். அதுவரை நடுவழியில் நிற்க வேண்டியதுதான்.

முற்றத்தில் வாழைக்காயோடு ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது. தம்பி ஸீமோ அகப்பையும் கையுமாக நின்றான்.

"முகமூடியை எங்கடா வச்சிருக்கே?"

ஸீமோ அண்டாவைக் காட்டினான். "அதான் கொதிக்குதே."

வாபோவுக்குப் புரியவில்லை.

"லோன்ட்சி பார்த்துட்டுத் தரேன்னு வாங்கிட்டுப் போனான். சாயங்காலமே உன் சான்றிதழோட திரும்பி வந்தான். 'உங்க அண்ணனே எழுதிட்டார், இது நேத்துச் செஞ்சதாம்'னான். அசலை எவனோ முன்னாடியே மாத்திட்டான் போலன்னு நெனச்சேன். போலிக்கு ரெண்டு ஆடு தரேங்கறான். ஆட்டம் இல்லேன்னாலும் விருந்தாவது நடக்கட்டுமே, விடுவேனா?"

"எனக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா?"

"அரசாங்க முத்திரை இருந்துதேண்ணே. அதுக்கு மேல உன்கிட்ட என்ன கேக்கறது?"

"மணியெல்லாம் புதுசா இருந்துச்சேடா."

வெற்றிலைக்குப் பதில் கோலாக் கொட்டை மென்றுகொண்டிருந்த அத்தை திரும்பினாள். "உதிர்ந்த மணியை ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாடியும் கோப்போம். சோப்புப் போட்டு அலசுவோம். உங்கப்பனுக்கு ஆடப் போறதை அழுக்கோடயா விடுவாங்க?"

"நான் அது ஆடறப்பதான் பார்த்திருக்கேன் அத்தை. மடிச்சுப் பார்த்ததில்ல."

"உன் ஆபீசுல அதை ஆட விட்டுப் பார்ப்பீங்களா?"

"மாட்டோம்."

"அப்புறம் எதைப் பார்த்துடா எழுதறீங்க?"

முகமூடி இல்லாமல் காரியம் நடக்காது. நிறுத்தினார்கள். ஆடுகள் மட்டும் முறைப்படி உண்ணப்பட்டன.

லோன்ட்சியைப் பிடித்து உலுக்கியதில் ஒரு பாரிஸ் கடையின் முகவரி உதிர்ந்தது. வாபோ அப்போது தன் வாழ்நாளின் ஒரே வீரச் செயலைச் செய்தார். வேலை போனாலும் போகட்டும் என்று அலுவலகத் தாளிலேயே எழுதினார். என் சான்றிதழ் தவறு. இந்த முகமூடி என் பாட்டனாருக்கு எங்கள் அரசர் தந்தது. இன்னின்ன சாவுகளுக்கு ஆடியது. இது வராமல் என் தகப்பனார் நடுவழியில் நிற்கிறார். தயவுசெய்து திருப்பி அனுப்புங்கள்.

மூன்றாம் வாரம் பதில் வந்தது. அனுப்பியவர் கடையின் உரிமையாளர், திருமதி தெலோர்ம்.

'பெருமதிப்புக்குரிய ஐயா, உங்கள் நேர்மை எங்களை நெகிழ வைத்தது. பழைமைக்கு ஆதாரம் இல்லையே என்று வாங்க வந்தவர்கள் இதுவரை தயங்கினார்கள். இப்போது முகமூடியின் முழு வரலாறும், அதை இழந்த குடும்பத்தின் மகன் கையாலேயே, அரசாங்கத் தாளில் கிடைத்துவிட்டது. விலை நாற்பது மடங்கு உயர்ந்துள்ளது. முகமூடி வெளியேறியது சட்டப்படிதான் என்பதற்கு உங்கள் சான்றிதழும், அது அசல் என்பதற்கு உங்கள் கடிதமும் எங்களிடம் உள்ளன. இரண்டையும் சட்டமிட்டு முகமூடியின் இருபுறமும் மாட்டியிருக்கிறோம்.

ஒரு சிறு உதவி. உங்கள் தந்தையார் இன்னும் நடுவழியில்தான் நிற்கிறாரா என்று தெரிவிக்கவும். விளக்க அட்டையில் அதையும் சேர்த்தால் இன்னும் நல்ல விலை போகும்.'