பொட்டுக் குடும்பம் வீடு மாறிய விவரம்

அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருங்கே உரிய என் ஒரே தங்கைக்கு, பீரோக்களை வென்றவனும், குறுகிய மாடிப்படிகளின் மாமன்னனும், உன் மகளுக்கு இந்தப் பூமியில் வாய்த்த ஒரே தாய்மாமனுமான உன் அண்ணன் வலது கையால் எழுதிக்கொள்வது. இடது கை கன்னத்தைத் தாங்கிக்கொண்டிருப்பதால் காகிதத்தைப் பிடிக்க ஆளில்லை. வரிகள் கோணலாகப் போனால் குற்றம் காகிதத்தினுடையது.

இங்கே சுகத்துக்கு ஒரு குறைவும் இல்லை. அங்கே உன் சுகமும், உன் தலைமை நர்ஸ் பயிற்சியும், கப்பலில் இருக்கும் மாப்பிள்ளையின் சுகமும் அவ்வாறே இருக்கக் கடவது. போனில் சொல்லித் தொலைக்கலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். என் வாயின் இடது பாதி காலை பதினொரு மணியிலிருந்து என் ஆட்சிக்கு உட்பட்டதாக இல்லை. ஊசி போட்டிருக்கிறார்கள். தண்ணீர் குடித்தால் சட்டைதான் குடிக்கிறது. அது ஏன் என்று பிறகு வருகிறேன். உனக்கு வேண்டியது உன் மகள் வாலுவின் பல் என்ன ஆயிற்று என்பதுதான் என்று தெரியும். கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. நீ தாவுவாய் என்று தெரிந்தே பக்க எண்களைக் கலைத்துப் போட்டிருக்கிறேன்.

ஆறு வாரத்துக்கு முன்னால் நடந்ததை நினைவுபடுத்துகிறேன். உன் ஆறு வயதுச் செல்வத்தின் கீழ்வரிசையில், வலது பக்கக் கடைசிப் பல்லில், கடுகளவு ஓட்டை. "பெருசாகாம பாத்துக்குங்க. ஆறு வாரம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க. வளர்ந்திருந்தா எடுத்துடணும், அந்த எடத்துல அடுத்த பல் மொளைக்க நாலஞ்சு வருஷம் ஆகும்" என்று பல் டாக்டரம்மா சொன்னார். நீ பெட்டியோடு வாசலில் நின்று, "அண்ணா, காலையில ரெண்டு நிமிஷம், ராத்திரி ரெண்டு நிமிஷம் தேய்க்கணும். நடுவுல இனிப்பு கெடயாது. அந்தப் பல்லு போச்சுன்னு கேள்விப்பட்டேன், பயிற்சியும் வேணாம் பதவியும் வேணாம்னு மறுநாளே வந்து நிப்பேன்" என்றாய். நான் நெஞ்சை நிமிர்த்தி, "முந்நூறு கிலோ பியானோவ மூணாவது மாடியிலேர்ந்து ஒரு கீறல் இல்லாம எறக்கினவன்மா நான். ஒரு பல்லப் பாத்துக்க மாட்டேனா?" என்றேன். "பியானோ ஓடாதுண்ணா" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாய். அப்போது சிரித்தேன். மறுநாள் காலை பிரஷ்ஷோடு சோபாவைப் பதினேழாவது முறை சுற்றிவந்தபோது அதன் பொருள் விளங்கியது.

துரத்திப் பிடிப்பது என் தகுதிக்குக் குறைவு என்று முடிவு செய்து, அறிவைப் பயன்படுத்தினேன். கதை சொன்னேன். அங்கேதான் தங்கச்சி நான் கெட்டேன். வேறொருவனாக இருந்தால் "பல்லுல கிருமி இருக்கு, தேய்ச்சா ஓடிடும்" என்று இரண்டு வரியில் முடித்திருப்பான். எனக்கு ஒன்றைச் சும்மா சொல்லத் தெரியாது. கிருமி அப்பாவுக்கு ஒரு மீசை வைத்தேன். கையில் கடப்பாரை கொடுத்து, பல்லில் குழி தோண்டும் வேலைக்கு அனுப்பினேன். கிருமி அம்மாவுக்கு முழங்கால் வலி, பல்லுக்குப் பல் ஏறி இறங்க முடியவில்லை என்றேன். அது போதாதென்று இருவருக்கும் ஒரு கைக்குழந்தையையும் கொடுத்து, இன்னும் நடக்கப் பழகவில்லை, அதன் பெயர் பொட்டு என்று பெயர்சூட்டு விழாவும் நடத்தி முடித்த பிறகு, "அப்போ பிரஷ் வரும் பாரு, மலை உருண்டு வர்ற மாதிரி! பின்னாலயே வெள்ளம்!" என்று கையை விரித்தேன். வாலு கைதட்டவில்லை. கண்ணில் நீர் கோத்துக்கொண்டு நிற்கிறது.

"பொட்டு எங்க மாமா போவான்?"

"எங்கயும் போக மாட்டான். செத்துடுவான்."

அவ்வளவுதான். வாய் மூடியது. நானும் எத்தனையோ துருப்பிடித்த பூட்டைப் பார்த்தவன், அப்படி ஒரு மூடலைப் பார்த்ததில்லை. நாலு நாள். வாய் கொப்பளிக்கவும் மறுப்பு, ஏனென்றால் வெள்ளம். ஐந்தாம் நாள் மாலை கன்னம் ஒரு பக்கம் உப்பியிருக்கிறதே என்று பார்த்தால், உள்ளே ஒரு முழு பிஸ்கட். என் பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்தது.

"முழுங்காம ஏன் வெச்சிருக்க?"

"எனக்கில்ல. அவங்களுக்கு ராத்திரிச் சாப்பாடு."

எந்தப் பல்லுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள் தெரியுமா? கீழ்வரிசை, வலது பக்கம், கடைசி. அன்றைக்கு நீ போன் செய்து "தேய்க்கறாளாண்ணா?" என்று கேட்டாய். "பிரமாதம்! பல்லு பளபளன்னு கண்ணக் கூசுது" என்றேன். உன்னிடம் நான் சொன்ன பொய்களில் அது நடுத்தரமானது. பயிற்சி ஆரம்பித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, நீ ஆறு வருஷம் காத்திருந்து கிடைத்த இடம், அதை ஒரு பிஸ்கட் தின்றுவிட்டது என்று எப்படிச் சொல்வேன்? எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் நடக்கத் தோன்றுகிறது. அந்த வாரம் ஹாலில் நடந்த நடையை நேர்க்கோட்டில் நடந்திருந்தால் உன் விடுதி வாசலில் வந்து முட்டியிருப்பேன்.

கதையை மாற்றிப் பார்த்தேன். "அவங்க கெட்டவங்க" என்றேன். "பொட்டுமா? அவன் பாப்பா மாமா" என்றாள். "லீவுக்கு ஊருக்குப் போயிட்டாங்க" என்றேன். "அப்ப வீடு பூட்டியிருக்கும்ல. பூட்டின வீட்டுக்குள்ள பிரஷ் எப்படிப் போகும்?" என்றாள். இவள் வக்கீலாகத்தான் வருவாள், எழுதி வைத்துக்கொள்.

சனிக்கிழமை பள்ளி இல்லை. வீட்டில் தனியாக விட முடியாதென்று வேலைக்கு அழைத்துப்போனேன். அன்று ஒரு குடும்பத்தை நாலாம் மாடியிலிருந்து வேறு வீட்டுக்கு மாற்றும் வேலை. வாலு காலி அட்டைப்பெட்டி ஒன்றில் உட்கார்ந்து, கட்டில் கழற்றுவதிலிருந்து கண்ணாடிக்குப் போர்வை சுற்றுவதுவரை மேற்பார்வை செய்தாள். எல்லாம் லாரியில் ஏறிய பிறகு எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு என்று உனக்குத் தெரியும். கடைசிச் சுற்று. மேற்பார்வையாளர், அதாவது நான், தனியாகக் காலி வீட்டுக்குள் போய், ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு மூலையையும் கண்ணால் மட்டும் அல்ல, கையால் தொட்டுப் பார்க்கவேண்டும். பரண், கதவுக்குப் பின்னால், குளியலறை மாடம், ஒன்றும் விடக்கூடாது. வாலு பின்னாலேயே வந்தாள்.

"காலியாத்தான இருக்கு, எதுக்கு மாமா தொட்டுத் தொட்டுப் பாக்கறீங்க?"

"யாரோட பொம்மையாவது விட்டுப்போயிருந்தா, அந்தக் குழந்தை புது வீட்ல போய் அழும்ல?"

திரும்பும் வழியெல்லாம் அவள் நாக்கால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். எங்கள் டிரைவர், வாய் ஓயாததால் நாங்கள் ஹாரன் என்று கூப்பிடுகிறவன், "என்ன மேடம், சம்பளம் பத்தலயா?" என்று கேட்டும் அந்த நாக்கு நிற்கவில்லை. வீட்டு வாசலில் இறங்கியதும் என் விரலைப் பிடித்து இழுத்து, "மாமா, அவங்களையும் வீடு மாத்திடலாம்" என்றாள். இந்த யோசனை என்னுடையது என்று நான் கம்பெனி முழுக்கச் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன், வெளியே விடாதே.

ஆனால் போய்ச் சேரும் முகவரி இல்லாமல் எங்கள் கம்பெனியில் லோடு ஏற்ற மாட்டோம். "வாஷ் பேசினுக்குள்ள போகட்டுமே" என்றேன். "சாக்கடையிலயா? பொட்டுக்குச் சளி பிடிக்கும்!" பூந்தொட்டி? வெயில். கடிகாரத்துக்குள்? சத்தம். இரண்டு மணி நேரம் வீடு தேடினோம், இவ்வளவு கறாரான வாடிக்கையாளரை இருபத்திரண்டு வருஷ அனுபவத்தில் நான் கண்டதில்லை. கடைசியில் டார்ச்சை எடுத்து வந்து, "வாயத் தொறங்க" என்றாள். திறந்தேன். உள்ளே தலையை விடாத குறையாகப் பார்த்துவிட்டு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இங்க நெறைய எடம் இருக்கு மாமா. ரெண்டு காலி மனை. ஒரு வீட்டுக்குக் கூரையே இல்ல, காத்தோட்டமா இருக்கும்."

அன்று மாலையே வேலை தொடங்கியது. பிரஷ் லாரி, பேஸ்ட் போர்வை. மேல் மாடி முதலில், பிறகு கீழ் மாடி. வெளிச்சுவர், உள்சுவர், மொட்டைமாடி. எல்லாம் முடிந்ததும் நாக்கால் கடைசிச் சுற்று, ஒவ்வொரு பல்லையும் தொட்டு, வழவழவென்று இல்லாவிட்டால் லாரி திரும்பவும் போகும். இரண்டு நிமிஷம் கேட்டாயே, நாலு நிமிஷத்துக்குக் குறைந்ததில்லை. பிறகு என் வாயருகே முகத்தை வைத்து "எறங்குங்க, பாத்து, பாத்து" என்பாள். நான் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடவேண்டும், கம்பெனி படிவத்தில். ஒரே நாளில் குடிபோய் முடிந்துவிட்டால் மறுநாள் பிரஷ் எதற்கு என்று கேட்பாளே, அதனால் பொட்டுவுக்குச் சித்தப்பா, பெரியம்மா, ஒன்றுவிட்ட அத்தை என்று நாளுக்கு இரண்டு குடும்பம் வீதம் மீதி ஐந்து வாரத்துக்கும் உறவு கண்டுபிடித்தேன். நம் குடும்பத்திலேயே அவ்வளவு பேர் கிடையாது.

சாப்பாட்டு விஷயத்தில் நீ கேட்டால் நம்ப மாட்டாய். "இனிப்பு வாசன வந்தா பழைய வீட்டத் தேடி வந்துடுவாங்க மாமா" என்று தானாகவே பிஸ்கட்டை நிறுத்தினாள். பள்ளிக்கு வெள்ளரிக்காய், கேரட், ஆப்பிள். பக்கத்து வீட்டம்மா பிறந்தநாள் சாக்லேட் நீட்டினால் வாங்கி, பையில் போட்டு, நேராக என்னிடம் கொண்டுவந்து, "உங்க வீட்லதான் இப்ப ஆளுங்க அதிகம், நீங்க சாப்பிடுங்க" என்பாள். என் பங்கு, அவள் பங்கு, பக்கத்து வீட்டுப் பங்கு எல்லாம் நான்தான். கடமை என்று வந்துவிட்டால் நான் பின்வாங்குகிறவனா? அதோடு நான் பல் தேய்க்கவும் தடை. குளியலறையில் கையும் பிரஷ்ஷுமாகப் பிடிபட்டு, "குடி வெச்சுட்டு இடிக்கறீங்களா?" என்று கேட்கப்பட்ட பிறகு, லாரிக்குப் பின்னால் ஒளிந்து நின்று தேய்த்தேன். ஹாரன் பார்த்துவிட்டு, "என்ன சார், வீட்ல தண்ணி வரலயா?" என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரித்தான். மானம் போய்விட்டது. அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆயிற்று, உண்மையைச் சொன்னால் இரண்டு நாள் விட்டு.

இனி இன்றைக்கு. டாக்டரம்மாவின் அறை வாசலில் நாலு நாற்காலி, நான் நாலிலும் மாறி மாறி உட்கார்ந்தேன். முதல் நாலு நாளும் அந்த பிஸ்கட்டும் நெஞ்சுக்குள் உருண்டன. பெயரைக் கூப்பிட்டதும் வாலு தானே ஏறிப் படுத்து, குகை மாதிரி வாயைத் திறந்தாள். டாக்டரம்மா கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்க்கிறார், பார்க்கிறார், பழைய படத்தை எடுத்து வைத்துக்கொண்டு பார்க்கிறார். நான் மனசுக்குள் உனக்குச் சொல்லவேண்டியதை ஒத்திகை பார்த்தேன், எந்த மாதிரி ஆரம்பித்தாலும் நீ அழுதாய்.

"யாரு தேய்ச்சு விட்டது?"

"நானேதான், டாக்டர் ஆன்ட்டி."

"ஓட்ட அப்படியே நின்னுடுச்சு. இம்மி நகரல. கெட்டிகூட ஆயிருக்கு. எடுக்க வேணாம், சார். இப்படியே போனா இந்தப் பல்லு அதுவா விழற வரைக்கும் இருக்கும்."

தங்கச்சி, பியானோ இறங்கிய அன்றுகூட நான் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை. டாக்டரம்மா அவள் கன்னத்தைத் தட்டி, "எப்படிடா செஞ்ச?" என்றார். உன் மகள் ஒளிவுமறைவு இல்லாமல், "எல்லாக் கிருமியையும் மாமா வாய்க்குக் குடி மாத்திட்டோம்" என்றாள். டாக்டரம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"நீங்க உக்காருங்க."

"நான் துணைக்கு வந்தவன், டாக்டர்."

"தெரியுது. வாயத் தொறங்க."

திறந்ததும் அவர் உதவியாளரைக் கூப்பிட்டார், உதவியாளர் வரவேற்பில் இருந்த பெண்ணைக் கூப்பிட்டார், கொஞ்சம் விட்டிருந்தால் தெருவில் போனவர்களையும் கூப்பிட்டிருப்பார்கள். ஐந்து ஓட்டை. ஒன்றை இன்றைக்கே ஊசி போட்டுக் குடைந்து அடைத்தார்கள். குடையும்போது வாலு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா ஆன்ட்டி, உள்ள ஆள் இருக்காங்க!" என்று கத்தினாள். டாக்டரம்மா நல்ல மனுஷி. ஒரு சின்ன மூடி போட்ட பாட்டிலைக் கொடுத்து, "எல்லாரையும் இதுல எறக்கிட்டேன், பொட்டு தூங்கறான், தொறக்கக் கூடாது" என்றார். பாட்டில் இப்போது ஜன்னல் ஓரத்தில் இருக்கிறது. கூரையில்லாத வீடு மட்டும் தேறாதாம், வெள்ளிக்கிழமை பிடுங்கப் போகிறார்கள்.

ஆகவே நீ வர ஒரு முகாந்திரமும் இல்லை. உன் மகளின் பல் பத்திரம், உன் பயிற்சி பத்திரம். பல் பிடுங்குவதெல்லாம் எனக்குச் சுவரில் ஆணி பிடுங்குவது மாதிரி, காப்பி குடித்துக்கொண்டே செய்துகொள்வேன். ஓடி வந்து என் வீரத்துக்கு இழுக்குத் தேடித் தராதே. நீ முதல் மாணவியாகத் தேறி, வார்டையே விரல் நுனியில் ஆட்டிவைத்து, மாப்பிள்ளையோடும் மகளோடும் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்து வாழ, மீதிப் பற்களோடு ஆசீர்வதிக்கும்

உன் அண்ணன்

பி.கு.: வெள்ளிக்கிழமை உனக்கு வகுப்பு இல்லை என்று ஹாரனை விட்டு விடுதியில் விசாரித்துவிட்டேன். காலை ஆறரை பஸ்ஸில் ஏறினால் பத்துக்கு இங்கே இறங்கலாம். பிடுங்குவது பத்தரைக்கு. வாலு பள்ளிக்கு லீவு போட்டுக் கூட வருகிறேன் என்கிறாள், அது சரியில்லை என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், நீயும் அதைத்தான் சொல்வாய். பயம் எல்லாம் ஒன்றும் இல்லை. அந்தக் குறடு கொஞ்சம் பெரிதாக இருக்கிறது, அவ்வளவுதான். ஹாரனை அழைத்துப் போனால் அவன் ஊருக்கெல்லாம் சொல்லிவிடுவான். வந்துடும்மா.