ஆமாங்க அண்ணனின் கோணல் பக்கெட்

யாரிடமுமே ‘இல்லை’ என்று சொல்லாமல் நாற்பது வயதைத் தாண்டிய மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவரோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். முள்ளுக்குறிச்சிப் பக்கத்து விவசாயக் குடும்பம். வீட்டில் வைத்த பெயர் ஏதோ இருந்தது. கொல்லிமலையில் எங்கள் எல்லோருக்கும் அவர் ‘ஆமாங்க’ அண்ணன்.

தொண்ணூறுகளின் கடைசியில் அந்த மலையின் பைல் நாட்டுப் பக்கம் ஒரு சாலை வேலை நடந்தது. சிமெண்ட் மூட்டைக்கும் டீசல் பேரலுக்கும் நான் பொறுப்பு. அண்ணன், முன்னால் பக்கெட் மாட்டிய சொந்த டிராக்டரோடு மண் அள்ள வந்திருந்தார்.

வந்த அன்றே கொத்தனார் வானத்தைப் பார்த்து, “இன்னைக்கு மழை வருமுங்க” என்றார்.

“ஆமாங்க.”

கல் சுமந்துகொண்டிருந்த ஒரு அம்மா, “இந்த மேகமெல்லாம் பெய்யாதுங்க” என்றார்.

“ஆமாங்க.”

இரண்டு பேர் மனமும் நோகக் கூடாதே! அன்று முழுவதும் குடையைப் பாதி மட்டும் விரித்துப் பிடித்துக்கொண்டு வண்டி ஓட்டினார்.

இன்னொரு நாள் காய்கறி வாங்கிவரச் சோளக்காட்டுச் சந்தைக்கு அவரை அனுப்பினோம். மத்தியானம் ஆகியும் ஆளைக் காணோம். தேடிப் போனால், பஸ் நிற்கும் இடத்தில் மிளகு மூட்டை, பலாப்பழம், வாழைத்தார் எல்லாவற்றுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் யாருடைய கோழியோ தூங்குகிறது.

“டீ குடிச்சிட்டு வாரேன், பார்த்துக்கங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க தம்பி. ஒருத்தர் வாரதுக்குள்ள இன்னொருத்தர் வந்திர்றாங்க. நகரவே முடியலீங்க.”

அன்று ராத்திரி எங்களுக்கு ரசமும் சோறும்தான்.

பயந்த சுபாவம் என்றுதான் முதலில் நினைத்தேன். பழகப் பழகத்தான் புரிந்தது. எதிரில் நிற்பவர் சொல்வது சரியாக இருந்துவிடக்கூடும் என்று அவர் நிஜமாகவே நம்பினார். அப்படி நம்புகிற ஆட்களை அதற்கப்புறம் நான் அதிகம் பார்த்ததில்லை.

மழைக்காலம் நெருங்கிய சமயத்தில் அவருடைய பக்கெட் கோணலாகத் தூக்க ஆரம்பித்தது. அதைத் தாங்கும் இரும்புக் கைகளில் இடது கை முன்னால் ஏறும், வலது கை யோசித்து யோசித்துப் பின்னால் வரும். அள்ளிய மண்ணில் பாதி வலது பக்கமாகச் சரிந்து கொட்டும். ஒருபக்கத் தோளைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருகிறவன் மாதிரி நின்றது வண்டி.

அவ்வளவுதான், சைட்டில் இருந்த அத்தனை பேரும் மெக்கானிக் ஆகிவிட்டார்கள்.

“டயர்ல ஒரு பக்கம் காத்து கம்மிங்க” என்றார் லாரி டிரைவர். “ஆமாங்க” என்று காற்றுப் பிடித்தார். வண்டி சமமாக நின்றது, பக்கெட் சமமாக ஏறவில்லை. “எண்ணெய் கொறைஞ்சிருக்கும்” என்றார்கள். எண்ணெய் ஊற்றினார். “எண்ணெய் போற ஓசுக்குள்ள காத்து அடைச்சிருக்குமுங்க” என்றார்கள். அதற்காக ஒரு காலை முழுக்கப் பக்கெட்டைத் தூக்குவதும் இறக்குவதுமாக இருந்தார். “ஒரே பக்கமா அள்ளாதீங்க, நடுவுல அள்ளுங்க” என்றார்கள். நடுவில் அள்ளினார். மூட்டு மூட்டாகக் கிரீஸ் வைத்தார். எலுமிச்சம்பழம் கட்டச் சொன்னார் ஒருவர். கட்டினார். எலுமிச்சம்பழமும் கோணலாகத்தான் தொங்கியது.

கடைசியில் டீக்கடை அக்கா வாயைத் திறந்தார். மலையிலேயே பிறந்து மரவள்ளியும் மிளகும் போட்டுக்கொண்டு, பக்கத்தில் எங்களுக்கு டீயும் போட்டுக் கொடுத்தவர். “ஏனுங்கண்ணா, எருமையாட்டம் சேறு அப்பிக் கிடக்குதே. மொதல்ல அதைக் குளிப்பாட்டுங்க. பார்க்கவே கண்றாவியா இருக்குது.”

அது யோசனையில்லை, திட்டு. எல்லோரும் சிரித்தோம். அவர் மட்டும் “ஆமாங்க” என்று குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனார்.

பக்கெட்டைத் தாங்கும் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடிக்க நடுவில் ஒரு குறுக்குக் குழாய் இருக்கும். அது இருப்பதால்தான் இரண்டு கையும் ஒன்றாக ஏறும், ஒன்றாக இறங்கும். காய்ந்த சேற்றைச் சுரண்டிக் கழுவியதும், அந்தக் குழாயில் வெல்டிங் வைத்த இடத்தில் முக்கால் சுற்றுக்கு விரிசல் தெரிந்தது. அண்ணன் அதைத் தடவிப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் குழாயின் ஈரத்தைத் துடைத்தார்.

அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் வந்தார். ஓடை குறுக்கே போகும் இடத்தில் ரோட்டுக்கு அடியில் சிமெண்ட் குழாய் பதிக்க வேண்டும். மழை பிடித்தால் தோண்டிய பள்ளம் மூடிக்கொள்ளும். விரிசலை அவரும் பார்த்தார், ஆனாலும் அவர் கவலை அவருக்கு. பள்ளத்துக்குள் ஆட்கள் ஏற்கனவே இறங்கி நின்றார்கள். மேலிருந்து பக்கெட்டில் கட்டி இறக்கும் குழாயைக் கீழே அவர்கள் பிடித்துத் திருப்பி வைக்க வேண்டும். கல் சுமக்கும் அம்மாவின் புருஷனும் அந்தப் பள்ளத்தில்தான் இருந்தார்.

“இந்த ஒரு குழாயை மட்டும் எறக்கிட்டு, நாளைக்கு வெல்டிங்குக்கு எடுத்துட்டுப் போங்க. சரிங்களா?”

எங்கள் எல்லோருக்கும் பதில் தெரியும். அண்ணனின் உதடு அதற்காகக் குவிவதுகூட எனக்குத் தெரிந்தது. ஆனால் சத்தம் வரவில்லை.

“என்னங்க, சரிங்களா?”

சட்டென்று டிராக்டர் சாவியை உருவி வாய்க்குள் போட்டுக்கொண்டார் அண்ணன். இரண்டு உதடுகளையும் இறுக்கி மூடிக்கொண்டு தலையை மட்டும் இடமும் வலமுமாக ஆட்டினார். வாயைத் திறந்தால் ‘ஆமாங்க’ வந்துவிடும் என்று அவருக்கே தெரிந்திருக்கிறது!

“யோவ், சாவியைத் துப்புய்யா!”

தலை ஆடியது. பள்ளத்துக்குள் யாரோ சிரித்தார்கள். சிரித்தவர் அண்ணனின் கண்களைப் பார்த்திருக்க வேண்டும். சிரிப்பு பாதியில் நின்றது. ஒவ்வொருவராக மேலே ஏறி வந்து ஓரமாக நின்றார்கள். சூப்பர்வைசர் கத்திப் பார்த்தார். யாரும் திரும்ப இறங்கவில்லை.

பள்ளம் காலியான பிறகுதான் அண்ணன் சாவியை வெளியே எடுத்துச் சட்டையில் துடைத்தார். எல்லோரையும் தள்ளிப் போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, வண்டியைக் கிளப்பி, அரை பக்கெட் மண்ணை மட்டும் அள்ளி மெதுவாகத் தூக்கினார். இடுப்பு உயரம் வந்தது. டமார் என்று ஒரு சத்தம். குறுக்குக் குழாய் இரண்டாகப் பிரிந்து, இடது கை மேலேயே நிற்க, வலது கை முறுக்கிக்கொண்டு மண்ணோடு கீழே விழுந்தது.

கல் சுமக்கும் அம்மா புருஷனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சூப்பர்வைசர் அப்படியே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு, “எல்லாருக்கும் டீ சொல்லுங்க” என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

அண்ணன் என்னிடம் வந்தார்.

“தம்பி, பெரிய மனுசனை எல்லார் முன்னாலயும் அப்படி எடுத்தெறிஞ்சிட்டனுங்களே. மனசு கஷ்டப்பட்டிருப்பாருங்களா?”

“நீங்க ஒரு வார்த்தை பேசலைங்களேண்ணா.”

“அதானுங்க தப்பு” என்றவர், தன் டீயைக் கொண்டுபோய் சூப்பர்வைசர் கையில் கொடுத்து, பக்கத்திலேயே குந்திக்கொண்டார். இரண்டு பேரும் என்ன பேசினார்களோ தெரியாது. கொஞ்ச நேரத்தில் சூப்பர்வைசர் கண்ணைத் துடைப்பதை மட்டும் பார்த்தேன்.

மறுநாள் பக்கெட்டைக் கைகளோடு கழற்றி, வெல்டிங்குக்காக அடிவாரம் போகும் லாரியில் ஏற்றினோம். முன் சீட்டில் உட்காரச் சொன்னால் அண்ணன் கேட்கவில்லை. பின்னால் ஏறி, உடைந்த இடத்தில் தன் துண்டைச் சுற்றிக் கட்டு போட்டு, ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கூட்டிப்போகிறவர் மாதிரி அதன் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டார். சைட்டே கூடிச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே முன்னால் போய் டிரைவரிடம் சொன்னேன்:

“அண்ணா, வளைவுல பார்த்துப் போங்க. பின்னாடி நம்மாளு உக்காந்திருக்காரு.”