பதினேழரை டிகிரி

இந்த விஷயத்தை என் பெண்டாட்டியிடம் மூச்சுவிடுவதில்லை என்று பல் விளக்கும்போதே சபதம் எடுத்தேன். என் சபதங்கள் வழக்கமாக வாய் கொப்பளிக்கும் வரைதான் தாங்கும். இந்தச் சபதம் முகம் துடைக்கும் வரை தாங்கியது.

“ஏங்க, முகம் ஏன் இப்படி இருக்கு?”

“எப்படி இருக்கு?”

“காப்பியடிச்சு மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லையே.”

“ஒண்ணுமில்லைன்னா அந்தக் கடுதாசியை எதுக்கு பனியனுக்குள்ள வெச்சிருக்கீங்க?”

அவள் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் கடைசி பெஞ்சில் நடப்பதைக் கரும்பலகையைப் பார்த்தபடியே சொல்லிவிடுவாள். ஒற்றை ஆள் நான் எம்மாத்திரம்! கடிதத்தை எடுத்து நீட்டினேன்.

எங்கள் கிரிக்கெட் கிளப்பிலிருந்து வந்திருந்தது. நான் பந்தை வீசவில்லை, எறிகிறேன் என்று யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்கிறார்கள். பந்து வீசும்போது மடங்கிய முழங்கை பதினைந்து டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது என்பது சட்டம். என் முழங்கை பதினேழரை டிகிரி நிமிர்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்தில் சோதனை. தோற்றால் தடை.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. கிளப்பின் இரண்டு நாள் போட்டி அணியில் இருபத்தாறு வருடமாகச் சுழல்பந்து போடுகிறேன். பந்து என் கையை விட்டு மட்டைக்காரரிடம் போய்ச் சேருவதற்குள் அவர் கையுறையைக் கழற்றி, வியர்வையைத் துடைத்து, மறுபடி மாட்டிக்கொள்ளலாம். ஆனாலும் ஒரு நாள் முழுக்க வெயிலில் போட்டுக்கொண்டே இருப்பேன். பொறுமைதான் என் பந்துவீச்சு.

அந்தப் பொறுமை பார்ப்பவர்களுக்கு இல்லாமல் போய்விட்டது. போன மாதப் போட்டிக்கு மூன்று ரசிகர்கள் வந்தார்கள். ஒருவர் பஸ்ஸுக்காக நிழலில் ஒதுங்கியவர். ஒருவர் புல்லுக்குத் தண்ணீர் விடுகிறவர். மூன்றாவது ஒரு நாய். அதுவும் சாப்பாட்டு இடைவேளையோடு கிளம்பிவிட்டது. அதே மைதானத்தில் சாயங்காலம் நடக்கும் இருபது ஓவர் ஆட்டத்துக்கு விளக்கு, ஒலிபெருக்கி, குதியாட்டம், நிற்க இடமில்லை.

அதனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கடிதத்தைப் படித்ததும் கோபத்துக்கு முன்னால் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. இருபத்தாறு வருடத்தில் என் பந்துவீச்சை ஒரு ஜீவன் உற்றுப் பார்த்திருக்கிறது! அதுவும் அரை டிகிரி சுத்தமாக!

“கையை நீட்டுங்க” என்றாள் அவள். கரும்பலகையில் வைத்து வரைகிற பெரிய மரக் கோணமானியை என் முழங்கையில் வைத்தாள். “மடக்குங்க. நிமிர்த்துங்க. ம்ம்... சரியாத்தான் எழுதியிருக்காங்க.”

“யார் பக்கம் பேசறே நீ?”

“கோணமானி பக்கம். பேசாம ஒத்துக்கிட்டு வந்துடுங்க. ‘ஆமா, என் கை இப்படித்தான், தடை பண்ணிக்கோங்க’ன்னு சொல்லிட்டு மிடுக்கா வெளிய வாங்க.”

“ஒத்துக்கறதா? நானா?”

எனக்குச் சுருக்கென்று வந்தது. கடை கடையாகப் போய்த் தராசு சரியாக இருக்கிறதா என்று பார்த்து முத்திரை குத்துவதுதான் என் உத்தியோகம். ஊர்த் தராசையெல்லாம் சோதிக்கிறவனுடைய கையே கள்ளத் தராசு என்றால் நாளைக்கு எந்தக் கடைக்காரன் என்னை மதிப்பான்?

அன்றே ஒரு திட்டம் போட்டேன். அவள் கைப்பையிலிருந்து ஓரடி மர ஸ்கேலை நைசாக உருவினேன். அதை முழங்கையோடு சேர்த்துப் பட்டித்துணியால் இறுக்கிக் கட்டி, மேலே முழுக்கைச் சட்டையை மாட்டினேன். கை கொடிக்கம்பம் போல விறைத்து நின்றது. நிமிரவும் முடியாது, மடங்கவும் முடியாது. தினம் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு சோப்பை வைத்துப் பயிற்சி எடுத்தேன். மூன்று சோப்பு உடைந்தது.

“ஏங்க, என் ஸ்கேலைப் பார்த்தீங்களா?”

“நான் எதுக்குப் பார்க்கறேன்?”

“ஸ்டாஃப் ரூம்ல எவளோ எடுத்துட்டா போலிருக்கு.”

கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் நான் மறைத்து ஜெயித்த ஒரே விஷயம் அந்த ஸ்கேல்தான். அந்த ஒரு வெற்றிதான் என்னைக் கவிழ்த்தது.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கிளப் செயலாளரும் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேரும் நின்றார்கள். ஆறு பந்து போட்டேன். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து செயலாளர் போனில் படம் பிடித்தார். மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார்கள். என் பந்துக்கு அது தேவையே இல்லை.

செயலாளர் வாயைத் திறப்பதற்குள் கமிட்டிக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். “கை அப்படியே கம்பு மாதிரி நிக்குதே! இதுல என்ன குத்தம்? சார் சுத்தம்!”

நான் குதித்தேன். செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. அவர்களை அனுப்பிவிட்டு என்னைப் பெவிலியன் படியில் உட்கார வைத்தார்.

“என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க?”

“ஏன்? ஜெயிச்சுட்டேனே!”

“இந்த மாசத்தோட ரெண்டு நாள் ஆட்டத்தை நிறுத்தறோம் சார். பார்க்க ஆள் வர்றதில்லை. இனிமே இருபது ஓவர் மட்டும்தான்.”

“அதனால என்ன? அதுல நாலு ஓவர் போட்டுட்டுப் போறேன்.”

அவர் புல்லைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

“சீனியர்களுக்கெல்லாம் ஒரு கேடயம் கொடுத்து, கைதட்டி அனுப்பலாம்னு முடிவு. உங்களை மட்டும் தடை போட்டு அனுப்பறதா இருந்தோம்.”

“எனக்கு மட்டும் என்ன?”

“கேட்டுக்கிட்டாங்க சார். அரை டிகிரி வரைக்கும் கணக்குப் போட்டு எழுதற ஆள் இந்த ஊர்ல எத்தனை பேர் இருக்காங்க? இன்னுமா தெரியலை?”

வீட்டுக்கு நடந்தே வந்தேன். ஸ்கேலை அவிழ்க்கக்கூடத் தோன்றவில்லை. நீட்டிய கையோடு தெருவில் நடப்பவனைப் பார்த்து ஒரு ஆட்டோ நின்றது.

கதவைத் திறந்தவள், “என்ன ஆச்சு?” என்றாள் ஆவலாக.

“சுத்தம்னுட்டாங்க.”

அவள் முகம் வாடிவிட்டது. “எப்படிங்க? கொஞ்சம் மடக்கித் தொலைச்சிருக்கக் கூடாதா?”

கையை நீட்டினேன். நீட்டித்தானே இருந்தது! அவள் சட்டையைத் தடவிப் பார்த்தாள். சட்டைக்கையை மேலேற்றி, பட்டித்துணியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தாள். ஸ்கேல் அழுத்தின இடம் சிவந்து கிடந்தது. அதைத் தேய்த்துவிட்டபடி சொன்னாள்.

“செயலாளரோட சம்சாரம் என் ஸ்கூல்ல சயின்ஸ் டீச்சர். ஆட்டத்தை நிறுத்தப் போறாங்கன்னு ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லிட்டா. எனக்குத் தூக்கமே போச்சு. உங்களுக்குப் பதவி உயர்வு இல்லைன்னாங்களே, அப்போ பதினோரு நாள் நீங்க ஒழுங்காச் சாப்பிடலை. கீழ்வீட்டுக்காரரோட தண்ணித் தொட்டிக்காகச் சண்டை போட்டுட்டு வந்தீங்களே, அன்னைக்கு ரெண்டு தட்டு சாப்பிட்டீங்க. சண்டை போட்டா உங்களுக்குப் பசிக்கும். உங்களை வேணாம்னு சொன்னா பசிக்காது. அதான், ஒரு சண்டைக்கு ஏற்பாடு பண்ணினேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா உங்களுக்கு நடிக்க வருமா?”

இத்தனை வயதுக்குப் பிறகு ஒரு பந்துக்காக அழுவதா என்று வெட்கமாக இருந்தது. இருந்தும் அழுதேன். அவள் கையைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. அன்று நான் சாப்பிடவில்லை. அவளும் சாப்பிடவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்து மாடிப்படி ஏறப் போனேன். தண்ணீர்த் தொட்டிச் சண்டைக்குப் பிறகு இரண்டு வருடமாக என் முகத்தைப் பார்க்காத கீழ்வீட்டுக்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“சார்! உங்களைத் தடை பண்ணிட்டாங்களாமே? உங்க வீட்ல சொன்னதா என் வீட்ல சொன்னா.”

ஸ்கேலால் திட்டம் கெட்டும் அவள் விடவில்லை. கிளப் போடாத தடையை அவளே தெருவில் போட்டுவிட்டாள். அவர் கண்ணில் பயபக்தி தெரிந்தது. இருபத்தாறு வருடத்தில் என் பந்துவீச்சைப் பற்றி என்னிடம் யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

“அவ்வளவு ஆபத்தான பந்தா சார்?”

நான் முத்திரை குத்துகிறவன். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“மட்டைக்காரங்க பாவம். அவங்க பாதுகாப்புக்காகத்தான்...” என்று பெருமூச்சு விட்டேன். “வாழ்நாள் தடை.”

“வாழ்நாளா!” மனுஷன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறினேன். வயிறு கபகபவென்று பசித்தது. அவள் மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“வாழ்நாள்னா சொன்னீங்க?”

“பின்னே? கேட்டதும் எழுந்தே நின்னுட்டார். நீ பார்க்கலையே!”

“நான் ஆறு மாசம்னுதானேங்க சொல்லி வெச்சேன்.”

“எதுவா இருந்தா என்ன? ஆறு மாசம் கழிச்சு மட்டும் ஆட்டம் இருக்கப் போகுதா?”

“இல்லைன்னு நமக்குத்தானே தெரியும், தெருவுக்கா தெரியும்? ஆறு மாசம் போனதும் ஞாயித்துக்கிழமை காலையில வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கிட்டு, பந்தைக் கையில வெச்சுக்கிட்டு, எல்லாரும் பார்க்க இந்தத் தெருவழியா நடந்து போயிருப்பீங்க. எங்கேயாவது உக்காந்திருந்துட்டு சாயங்காலம் வந்திருப்பீங்க. அதையாவது உங்களுக்கு மிச்சம் வைக்கலாம்னு பார்த்தேன்” என்றாள். “வாழ்நாள்னு யாருங்க உங்களைச் சொல்லச் சொன்னது?”