உங்கள் தங்கை கிணற்றில் குதித்துவிட்டாள்

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் ஆனந்த்ராஜ் அவர்களுக்கு,

திண்டுக்கல் மரியநாதபுரத்திலிருந்து தங்கள் தங்கை கணவர் சூசைராஜ் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் கோயம்புத்தூரில் தாங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள். இருங்கள். இங்கே நான் சுகமாக இல்லை. நான் சுகமாக இருப்பதாகப் போன வாரம் யாராவது தங்களிடம் சொல்லியிருந்தால் அது கலப்படமில்லாத பொய்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் தங்கை சகாயசெல்வி கிணற்றில் குதித்துவிட்டாள். நெஞ்சைப் பிடிக்க வேண்டாம், உயிரோடுதான் இருக்கிறாள். ஒரு தடவை குதித்திருந்தால் நானே சமாளித்திருப்பேன், இப்படித் தங்களுக்கு எழுத வந்திருக்க மாட்டேன். தினமும் குதிக்கிறாள். காலையில் எழுந்ததும் எனக்கு ஒரு காப்பியைப் போட்டு மூடி வைத்துவிட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்க் குதித்துவிட்டு வருகிறாள்.

கைப்பேசியில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அவளே முதல் ஆளாகப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவாள். தனியாக அழைத்தால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சவரம் செய்வீர்கள், அக்கா பக்கத்தில் நின்று சிரிப்பார்கள். போன தடவை என் மூல வியாதி விஷயம் அப்படித்தான் காரைக்குடி வரைக்கும் போனது. அதனால்தான் கடிதம்.

இது எப்படி ஆரம்பித்தது என்றால், கத்திரி வெயில் தொடங்கிய அன்று மின்விசிறி வெந்நீரை வாரி இறைப்பதுபோல் சுற்றிக்கொண்டிருந்தது. நானும் பேகம்பூர் பேக்கரி ரஹ்மத்துல்லாவும் கூடத்தில் கேரம் ஆடிக்கொண்டிருந்தோம். ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியனுக்கு வெயில் காலத்தில் அதைவிட என்ன பொழுதுபோக்கு இருக்க முடியும்? ஆட்டம் சிவப்புக் காயில் வந்து நிற்கும்போது தங்கள் தங்கை வந்து, "ஒரு வாரம் கொடைக்கானல் போயிட்டு வருவோமா? எம்புட்டு வருசமாக் கேக்குறேன்" என்றாள். சிவப்புக் காய் தவறிவிட்டது. கோபத்தில் மனிதன் ஒரு வார்த்தை சொல்வதுதானே? "கொடைக்கானல்ல கால் வைக்க எடமில்ல. அம்புட்டு வெக்கையா இருந்தாப் போயிக் கெணத்துல குதி" என்றேன். ஊரில் எத்தனை புருஷன்மார் இதைச் சொல்கிறார்கள்! யார் வீட்டிலாவது பெண்டாட்டி மறுநாளே போய்க் குதித்திருக்கிறாளா?

மறுநாள் விடிந்து பார்த்தால் ஆளைக் காணோம், ஸ்கூட்டரைக் காணோம். வெயில் ஏறிய பிறகு தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். "எங்க போயிட்டு வாற?" என்றேன். "நீங்க சொன்ன எடத்துக்குத்தான்" என்றாள். சொல்லிவிட்டு நாலு இட்லியை வைத்து, வெறும் தேங்காய்ச் சட்னியில் தொட்டு, விருந்துக்கு வந்தவள்போல் ரசித்துச் சாப்பிட்டாள். எனக்கு அதிலேயே பாதி உயிர் போய்விட்டது.

விசாரித்ததில் முழுச் சதியும் வெளியே வந்தது. சின்னாளப்பட்டி தாண்டி ஜக்கம்மாள் என்ற அம்மாவுக்கு ஒரு தென்னந்தோப்பு. மல்லிகையும் போட்டிருக்கிறார். நம் செல்வி மாதாவுக்குப் பூ வாங்கப் போய்ப் பிடித்த சிநேகம். போன ஐப்பசி மழையில் நிரம்பிய கிணறு, இந்தக் கோடையிலும் பாதிக்கு மேல் தண்ணீரோடு நிற்கிறது. நீச்சல் சொல்லித் தருகிறவர், பேகம்பூரில் தையல் கடை வைத்திருக்கும் நர்கீஸ். அந்தப் பெண்மணி சின்ன வயதில் கண்மாயில் நீந்தி வளர்ந்தவராம். கணுக்காலிலிருந்து கழுத்துவரை மூடின மாதிரி மூன்று பேருக்கும் தானே நீச்சல் உடுப்பும் தைத்துவிட்டார். தங்கள் தங்கையின் உடுப்பு கிளிப்பச்சை. கொடியில் காய்கிறது. காற்றடித்தால் யாரோ வீட்டுக்குள் ஓடி வருவதுபோல் இருக்கிறது, நான் இரண்டு தடவை "யாரது?" என்று கேட்டுவிட்டேன்.

மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தேன். நான் செய்த ஒரே தப்பு, சென்னையில் இருக்கும் என் மகள் தமிழ்நிலாவிடம் நியாயம் கேட்டதுதான். வீட்டில் பேச முடியாதே என்று தெருமுனை டீக்கடையில் நின்று அழைத்தேன். சத்தத்தில் அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. "ஏத்தா, உங்கம்மா கெணத்துல குதிச்சுட்டா!" என்று கத்த வேண்டியதாகிவிட்டது. மகள் என்ன செய்தாள் தெரியுமா? "சூப்பர்ப்பா!" என்றாள். நான் வெறுத்துப்போய்த் தொடர்பைத் துண்டித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் டீக்கடையில் இருந்தவர்களுக்கு என் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் கேட்டிருக்கிறது.

அன்று பார்த்து எங்கள் பழைய பீரோவை விலைக்கு எடுப்பவன் வருவதாக இருந்தது. வாசலில் காத்திருக்கிறேன், கோயில் ஜெபக்குழுப் பெண்கள் எட்டுப் பத்துப் பேர் முக்காட்டைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். முன்னால் வந்த ஜோஸ்பின் டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எத்தன மணிக்கு எடுக்குறீக, வாத்தியாரே?" என்றார். பீரோ விஷயம் இவர்களுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தாலும், கேட்டதற்குப் பதில் சொல்வதுதானே மரியாதை? "சாயங்காலம் வண்டி வருது டீச்சர். ரொம்ப நாளா எடத்த அடச்சுக்கிட்டுச் சும்மா கெடந்துச்சு. கதவும் சரியா மூடுறதில்ல. போனாப் போகுதுன்னு விட்டுட்டேன்" என்றேன். டீச்சர் என் கையை விட்டுவிட்டார். ஒரு அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். நான் இன்னும் விளக்கமாக, "புதுசு ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், அடுத்த வாரம் வந்துரும்" என்றேன்.

அந்த நேரத்தில்தான் ரஹ்மத்துல்லா ஆட்டோவிலிருந்து இறங்கி, மார்பில் அடித்துக்கொண்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா மாப்ள? மகராசி, எத்தன நோம்புக்கு எனக்குக் கஞ்சி காச்சிக் குடுத்திருக்கும்!" என்று குலுங்கிக் குலுங்கி அழுகிறார். என்ன ஏது என்று தெரியாமலே எனக்கும் கண் கலங்கிவிட்டது. உள்ளேயிருந்து தங்கள் தங்கை, தலையை விரித்துப் போட்டுக் காய வைத்தபடி, "யாரு வந்திருக்கா?" என்று வெளியே வந்தாள். ரஹ்மத்துல்லா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் கட்டை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. ஜெபக்குழு மொத்தமும் தெருவில் நின்றது. அப்புறம் எல்லோருக்கும் நன்னாரி சர்பத். வந்த பெண்கள் துக்கம் விசாரித்தார்கள் என்றா நினைக்கிறீர்கள்? கிணறு எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழம், அவரவர் அளவுக்கும் உடுப்பு தைத்துக் கிடைக்குமா என்று விசாரித்தார்கள்.

இனிப் பொறுக்க முடியாது என்று மறுநாள் பஸ் ஏறி நானே கிளம்பினேன். முப்பது வருஷம் மைதானத்தை அடக்கி ஆண்ட விசிலையும் எடுத்துக்கொண்டேன். தோப்புக்குள் நுழையும்போதே சிரிப்புச் சத்தம். எட்டிப் பார்த்தால் ஜக்கம்மாள் சுவர் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு காலை அடிக்க, நர்கீஸ் பக்கத்தில் மிதந்தபடி சொல்லித் தருகிறார். தங்கள் தங்கை நட்ட நடுவில் மல்லாந்து கண்ணை மூடிக் கிடக்கிறாள். கல்படியில் இரண்டு படி இறங்கி நின்று பலமாக ஊதினேன். "எல்லாரும் வெளிய வாங்க! வரிசையா!"

ஜக்கம்மாள் அண்ணாந்து பார்த்து, "வாத்தியாரே, பீப்பிய ஊதுனாத் தண்ணி வத்திருமா?" என்றார்.

செல்வி கண்ணையே திறக்கவில்லை. "செத்த நேரம் இருங்க, வாரேன். இல்லாட்டி நீங்களும் எறங்குங்க" என்றாள்.

"டிரில் வாத்தியாருக்கு நாம சொல்லிக் குடுக்கணுமாக்கும்? அவுக பாக்காத தண்ணியா?" என்றார் நர்கீஸ்.

மச்சான், இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைத் தங்களிடம் சொல்கிறேன். எனக்கு நீச்சல் தெரியாது. பள்ளிக்கூடத்தில் நீச்சல் குளம் கிடையாது, யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆகவே கௌரவமாக, "இன்னைக்கு எனக்குச் சளி" என்று சொல்லிவிட்டு, விசிலை மறுபடி வாயில் வைத்துக்கொண்டு திரும்பினேன். படியில் பாசி. சொந்தக் கிணற்றின் படியைத் தேய்த்து வைக்காதது யார் குற்றம்? நான் இறங்கிய வேகத்தில் விசில் வாயிலேயே இருந்தது. தண்ணீருக்குள் ஊதினால் சத்தம் வராது, குமிழிதான் வரும் என்று அன்று தெரிந்துகொண்டேன். பச்சையாக, சில்லென்று, அடியில்லாமல் இருந்தது. கையைக் காலை எந்தப் பக்கம் அடித்தாலும் கீழேதான் போனேன்.

பின்னாலிருந்து யாரோ என் சட்டைக் காலரைப் பிடித்தார்கள். தங்கள் தங்கை. "உதறாதீங்க! என்னையப் பிடிக்காதீங்க, சும்மா கெடங்க! நான் பிடிச்சிருக்கேன்" என்று காதுக்குள் அதட்டினாள். இந்த முப்பத்தைந்து வருஷத்தில் அவள் என்னை அதட்டி நான் கேட்டதில்லை. சும்மா கிடந்தேன். ஒரு கையால் நீந்தி என்னைப் படிவரைக்கும் இழுத்து வந்துவிட்டாள். நர்கீஸும் ஜக்கம்மாளும் ஆளுக்கொரு கையைப் பிடித்து மேலே தூக்கிப் போட்டார்கள். தென்னங்கீற்றில் குப்புறக் கிடந்து தண்ணீரைக் கக்கினேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கோபப்பட்டுவிட்டுப் போயிருப்பேன்.

வழியெல்லாம் அவள் ஸ்கூட்டர் ஓட்ட, நான் பின்னால் சொட்டச் சொட்ட உட்கார்ந்து வந்தேன். வீட்டுக்கு வந்து சோறு போடும்போது பொரியலும் கூட்டுமாக வெஞ்சனத்தை மேலே மேலே வைத்துக்கொண்டே இருந்தாள். "நீச்சல் தெரியாதுன்னு எங்கிட்டச் சொன்னா என்ன கொறஞ்சா போயிரும்? அப்பிடியே கீழ போறீக. பிடிக்கப் பிடிக்க நழுவுது சட்ட" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் வெஞ்சனம் போதும் என்றேன்.

அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னதைத் தங்களுக்கு அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இதில் தங்களுக்கும் பங்கு இருக்கிறது. "எங்க தோட்டத்துக் கெணத்துல அண்ணன் நாலு பேரும் குதிப்பாக. எனக்கும் சொல்லிக் குடுங்கன்னு பெரியண்ணங்கிட்டக் கேட்டேன். பொட்டப்புள்ளைக்கு எதுக்கு, கரையில உக்காந்து எங்க துணியப் பாத்துக்கன்னாரு. அன்னைக்குச் சொல்லிக் குடுத்திருந்தா, இன்னைக்கு உங்கள இன்னும் வெரசாப் பிடிச்சிருப்பேன்" என்றாள். ஆக, அன்று நீங்கள் செய்த வேலைக்கு இன்று நான் இங்கே தண்ணீர் குடிக்கிறேன்!

இப்போது நிலைமை முற்றிவிட்டது. ஜெபக்குழுவில் பாதிப் பேர் கிணற்றில் இருக்கிறார்கள். ஜோஸ்பின் டீச்சர் நீலக் கலர் உடுப்பு. என்னைத் தெருவில், "சார், இன்னைக்கு சளி எப்பிடி இருக்கு?" என்று குசலம் விசாரிக்கிறார்கள். தங்கள் தங்கை காலைப் பலகாரம் தருவது பத்து மணிக்கு. கேட்டால், "மாவு இருக்கு, கல்லு இருக்கு, கையி இருக்கு" என்கிறாள். நான் ஊற்றிய முதல் தோசை இலங்கை மாதிரி வந்தது. ஆகவே தாங்கள் உடனே புறப்பட்டு வந்து, மூத்தவர் என்ற முறையில் தங்கள் தங்கையைக் கண்டித்து, இரண்டில் ஒன்று முடிவு செய்ய வேண்டும்: ஒன்று நான், இல்லை அந்தக் கிணறு. கேட்கவில்லையென்றால் கோயம்புத்தூருக்கே கூட்டிப் போய்விடுங்கள். அங்கே கிணறுகளை எல்லாம் மூடி அடுக்குமாடி கட்டிவிட்டார்கள் என்று கேள்வி. நான் தனியாகத் தோசை ஊற்றி இருந்துகொள்வேன். கடுங்கோபத்தில் இருக்கிறேன், தணியமாட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசி. மாதா தங்கள் குடும்பத்தைச் சேதாரமில்லாமல் காப்பாளாக.

இப்படிக்கு,
தாங்கள் பெண் கொடுத்த பாவத்துக்கு ஆளான,
சூசைராஜ்

பின்குறிப்பு: அண்ணே, நான் செல்வி எழுதுறேன். இந்தக் கடிதம் ரெண்டு வாரமா மேசையிலயே கெடக்கு. தபால்ல போட உங்க மாப்ளைக்கு நேரமில்ல. எனக்கு முன்னால எந்திரிச்சு, ஸ்கூட்டர் சாவிய எடுத்துக்கிட்டு வாசல்ல நின்னு ஆரன் அடிக்கிறாரு. ஆம்பளைகளுக்குத் தனி நேரம் வேணும்னு ஜக்கம்மாகிட்டச் சண்டை போட்டு வாங்கிட்டாரு. ரஹ்மத்துல்லா அண்ணனுக்கு இவருதான் சொல்லிக் குடுக்குறாராம். இவருக்கே இன்னும் காலு அடிக்க வரல. மிதக்க மட்டும்தான் வருது. அதுவும் முந்தாநேத்துத்தான். மல்லாக்கக் கெடந்து ஆகாசத்தப் பாத்துக்கிட்டே, "ஏ செல்வி, மேல எம்புட்டு நல்லா இருக்கு" அப்பிடின்னாரு. கல்யாணம் கட்டுன நாள்லயிருந்து இந்த மனுசன் ஒரு பொருளக் கொற சொல்லாமப் பாத்தது அதுதான் மொதத் தடவ. வாங்கண்ணே, ஆனா என்னையக் கூட்டிட்டுப் போறதுக்கு வராதீங்க. இதக் கெணத்து மேட்டுல உக்காந்துதான் எழுதுறேன். மதியமாயிருச்சு, தோப்புக்குத் தண்ணி பாய்ச்ச மோட்டார் போடணும்னு ஜக்கம்மா கத்துது, இவரு மேல ஏற மாட்டேங்கிறாரு. நீங்க வந்து எப்பிடியாவது ஏத்தி விடுங்க.